பழச்சாறு ஜெல்லி மிட்டாய்: அடுக்களையில் கவனமும் அங்காடியில் உரிமையும்

கடையில் கிடைக்கும் ஜெல்லி மிட்டாய்களின் நிறமிகளுக்கும் சர்க்கரைக்கும் அஞ்சும் பெற்றோர் பலர், மாதுளை, திராட்சை, ஆரஞ்சு முதலிய பழங்களின் சாற்றைக் கொண்டு அவற்றை வீட்டிலேயே செய்யத் தொடங்கியுள்ளனர். அவ்வாறு செய்தவற்றைப் பொட்டலமிட்டு அக்கம்பக்கத்தாருக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவும் விற்போரும் உள்ளனர். 2024 பிப்ரவரியில், பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்னும் சாயம், அதாவது துணிகளுக்கு நிறமேற்றப் பயன்படும் வேதிப்பொருள், கலந்திருப்பது ஆய்வில் உறுதியானதையடுத்துப் புதுச்சேரியும் தமிழ்நாடும் அதன் விற்பனைக்குத் தடை விதித்ததை நினைவிற்கொண்டால், பெற்றோரின் அச்சம் நியாயமானதே என்பது விளங்கும். ஆயினும் பழச்சாற்றில் செய்தது என்பதாலேயே ஒரு பண்டம் தீங்கற்றதாகிவிடுவதில்லை. அதில் சேர்ந்தவை எவை, அது எத்தனை நாள் கெடாதிருக்கும், எந்த வயதினருக்கு ஏற்றது என்பனவற்றை அறிவதும் அறிவிப்பதுமே குழந்தையைக் காக்கும்.

உறையவைக்கும் பொருள்கள்

சாற்றைக் கெட்டியாக்கும் பொருள்களில் ஜெலட்டினும் அகாரும் முதன்மையானவை. ஜெலட்டின் என்பது மாடு, பன்றி முதலிய விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் பிரித்தெடுக்கப்படும் புரதம். அகார் என்பது கடைகளில் கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் விற்கப்படும் தாவரப் பொருள். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப்பாசியும் இதற்கு மூலப்பொருள்களாகின்றன. ஜெலட்டின் சேர்ந்த மிட்டாய் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸில் இளகிவிடுமாதலால் தமிழ்நாட்டுக் கோடையில் வெளியில் வைக்க ஏற்றதன்று; அகார் ஏறத்தாழ 85 டிகிரி வரை உருகாது.

அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றின் பச்சைச் சாற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளமையால், அவற்றோடு ஜெலட்டின் உறைவதில்லை. சாற்றை முன்னதாகக் கொதிக்கவைத்தால் நொதிகள் செயலிழந்துவிடும். அகார் புரதமன்று என்பதால் அதற்கு இந்தத் தடை இல்லை. எனினும் எலுமிச்சை போன்ற புளிப்புச் சாற்றில் நெடுநேரம் கொதித்தால் அதன் உறையும் திறன் குறையும். ஆகவே 200 மில்லி சாற்றுக்கு 3 அல்லது 4 கிராம் அகார் தூள் என்ற அளவில் எடுத்து, அதைச் சிறிது நீரில் கலந்து இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டுக் கரைத்தபின் சாற்றைச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி அச்சில் ஊற்றுவதே முறை. அந்த ஒரு கொதியைத் தவிர்த்தல் கூடாது. பழத்தோலிலிருந்தும் கத்தியிலிருந்தும் சாற்றில் சேரக்கூடிய நுண்ணுயிரிகளை அதுவே அழிக்கிறது. புளிப்புச் சாறு பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகிய உலோகங்களைக் கரைக்கவல்லது என்பதால், எவர்சில்வர் பாத்திரமே இதற்கு உகந்தது.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

முதலாவது, மூச்சுக்குழல் அடைப்பு. வழுக்கலும் மீள்தன்மையும் கொண்ட உருண்டைப் பண்டம், மெல்லப் பழகாத குழந்தையின் தொண்டையில் நழுவி மூச்சுக்குழலை முழுமையாக அடைத்துவிடக்கூடும். சிறு கிண்ணங்களில் அடைத்து விற்கப்பட்ட ஜெல்லிகளால் குழந்தைகள் இறந்தமையால், ஐரோப்பிய ஒன்றியம் 2004-ஆம் ஆண்டில் அவ்வகை ஜெல்லிகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. வீட்டில் செய்வதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: நான்கு வயது நிறையாத குழந்தைகளுக்கு ஜெல்லி மிட்டாய் தருதல் கூடாது, அதற்கு மேற்பட்டோரும் உட்கார்ந்து, பெரியவர் ஒருவரின் பார்வையில் மென்று தின்ன வேண்டும்.

இரண்டாவது, விரைவில் கெடும் தன்மை. கடை மிட்டாயில் பெரும்பங்கு சர்க்கரையும் குளுக்கோஸ் பாகுமே. நீர் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருப்பதால் நுண்ணுயிரிகளால் அதில் பெருக இயலாது, அதனால்தான் அது மாதக்கணக்கில் கெடுவதில்லை. வீட்டு மிட்டாயிலோ பெரும்பகுதி நீராகையால், அதைக் குளிர்பதனப் பெட்டியில் மூடிவைத்து நான்கைந்து நாள்களுக்குள் தின்று தீர்க்க வேண்டும். பூஞ்சை படர்ந்தால் அந்தத் துண்டை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை உண்ணாமல், முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

மூன்றாவது, சர்க்கரை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், உணவில் சேர்க்கும் சர்க்கரையோடு தேனிலும் பழச்சாற்றிலும் இயல்பாக உள்ள சர்க்கரையையும் 'தனிச் சர்க்கரை' என்னும் ஒரே வகையில் சேர்த்து, அது அன்றாட ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குள் அடங்கினால் மேலும் நன்று என்றும் கூறுகிறது. நாளொன்றுக்கு 1,500 கிலோகலோரி தேவைப்படும் குழந்தைக்கு 5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 19 கிராம். 200 மில்லி திராட்சைச் சாற்றில் மட்டுமே சர்க்கரை ஏறத்தாழ 30 கிராம் இருக்கிறது. சாற்றை வடிகட்டும்போது நார்ச்சத்தும், கொதிக்கவைக்கும்போது வைட்டமின் சி-யின் ஒரு பகுதியும் நீங்கிவிடுவதால், பழத்துக்கு மாற்றாக இந்த மிட்டாயைக் கொள்ள இயலாது. சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் சேர்ப்போர், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை எவ்வடிவிலும் தரலாகாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் சிசுவின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். சாதாரணமாகக் கொதிக்கவைப்பதால் அவ்வித்துகள் அழிவதில்லை.

வாங்குபவரின் உரிமைகள்

பொட்டலமிட்ட உணவில் சேர்ந்துள்ள பொருள்களை எடையின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. பழத்தின் படம் உறையை நிறைத்திருந்தாலும், பட்டியலில் சர்க்கரை முதலிலும் பழச்சாறு கடைசியிலும் இருந்தால், அது சர்க்கரை மிட்டாயே என்று வாங்குபவர் முடிவுசெய்துகொள்ளலாம். ஜெலட்டின் சேர்ந்திருந்தால் சதுரத்துக்குள் பழுப்பு நிற முக்கோணமும், சைவப் பொருளாயின் சதுரத்துக்குள் பச்சை வட்டமும் இடம்பெற வேண்டும். சமயம், உணவுநெறி ஆகியவற்றின் அடிப்படையில் உணவைத் தேர்ந்தெடுப்போருக்கு இக்குறி தவிர்க்க முடியாத பாதுகாப்பாகும். 14 இலக்க உரிம அல்லது பதிவு எண், தொகுதி எண், தயாரித்த நாள், பயன்படுத்தத்தக்க காலம் ஆகியனவும் உறையில் இருந்தாக வேண்டும்.

விளம்பரச் சொற்களுக்கும் வரம்புண்டு. உணவு விளம்பரங்கள் பற்றிய 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, பல பொருள்கள் கலந்து செய்த உணவை 'இயற்கையானது' என்று விவரிக்கக் கூடாது. சேர்ந்த பொருள்கள் அனைத்தும் உரிய நிபந்தனைகளை நிறைவுசெய்தால் மட்டுமே 'இயற்கைப் பொருள்களால் செய்யப்பட்டது' என்று குறிப்பிடலாம். அடர்சாற்றில் நீர் கலந்து தயாரிக்கும் பழச்சாறுகளின் உறையிலிருந்து '100 விழுக்காடு பழச்சாறு' என்னும் வாசகத்தை நீக்குமாறு 2024 ஜூனில் ஆணையம் உத்தரவிட்டதும் இதே நோக்கத்தால்தான்.

வீட்டில் செய்து விற்போரும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவர்களே. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு சிறு தயாரிப்பாளர்களுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்களித்தாலும், பதிவு செய்துகொள்வதைக் கட்டாயமாக்குகிறது. இப்பதிவு வீட்டுத் தொழில் செய்யும் பெண்களுக்குச் சுமையன்று; தரமாகச் செய்பவரை, சாயம் கலந்து விற்பவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் சான்று அது.

தீர்வு தேடும் வழிகள்

குழந்தைக்கு மிட்டாய் தொண்டையில் சிக்கி, இருமவும் அழவும் இயலாமற்போனால், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, உடனே குழந்தையை முன்புறம் குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கு இடையில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். அடைப்பு நீங்காவிடில், பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே மடக்கிய கைமுஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்தி, இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு வயிற்றை அழுத்தாமல், மார்பின் நடுவில் அழுத்த வேண்டும். குழந்தையால் இரும முடிந்தால் இருமவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல்விட்டுத் துழாவினால் அது மேலும் உள்ளே சென்றுவிடும்.

உணவில் கலப்படம் இருப்பதாகவோ அதனால் ஒவ்வாமை ஏற்பட்டதாகவோ ஐயம் எழுந்தால், மீதியுள்ள மிட்டாயையும் உறையையும் ரசீதையும் மருத்துவரின் சீட்டையும் பத்திரப்படுத்திக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்னும் வாட்ஸ்அப் எண்ணிலோ புகார் அளிக்கலாம். அலுவலரின் சோதனைக்குக் காத்திராமல், மேற்கூறிய சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் ஆய்வறிக்கை பெறலாம்; அந்த நோக்கத்தை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பாதுகாப்பற்ற உணவால் உடல்நலம் கெட்டால் 1 லட்சம் ரூபாய் வரையிலும், கொடுங்காயம் ஏற்பட்டால் 3 லட்சம் வரையிலும், உயிரிழப்பு நேர்ந்தால் 5 லட்சத்துக்குக் குறையாமலும் இழப்பீடு வழங்க 65-ஆம் பிரிவு வழிசெய்கிறது.

குறைபாடுள்ள பொருளுக்கான தனிப்பட்ட நிவாரணத்தை, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 வழியாகவும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் கோரலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சம்பவம் நிகழ்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கொள்முதலுக்குக் கட்டணம் ஏதுமில்லை. பத்து ரூபாய் மிட்டாய்தானே என்று பெற்றோர் புகாரைக் கைவிடுமிடத்தில், அதே மிட்டாய் அடுத்த வீட்டுக் குழந்தையின் கைக்கும் சென்றுசேர்கிறது. எனவே வாங்குமுன் உறையைப் படிப்பதும், விற்பவர் தம் பண்டத்தில் சேர்ந்தவற்றை மறைக்காமல் எழுதுவதும், தவறு நேர்ந்தவிடத்து எழுத்தில் புகார் தருவதும் குழந்தைகளின் பொருட்டுப் பெரியவர்கள் ஆற்ற வேண்டிய கடமைகளாகும்.