எட்டு வாரம் தாயிடம் இருக்கட்டும்

நாய்க்குட்டி வாங்கப் போகிறவரிடம் விற்பவர் முதலில் சொல்வது அதன் வயதைத்தான். “முப்பது நாள் குட்டிங்க, தனியா சாப்பிட ஆரம்பிச்சிடுச்சு” என்பது தமிழ்நாட்டில் எங்கும் கேட்கிற பேச்சு. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நாட்டு இனமானாலும், லாப்ரடார், பொமரேனியன் போன்ற வெளிநாட்டு இனமானாலும் ஒரு மாதம் முடிந்ததும் குட்டி கைமாறிவிடுகிறது. வாங்குகிறவருக்கும் அது பிடித்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில் மகிழ்ச்சி இல்லாமல் இருக்குமா? ஆனால் இந்தப் பழக்கத்தை நாம் கைவிட்டாக வேண்டும். வீட்டில் குட்டி எடுக்கிற ஒவ்வொருவரும் எட்டு வாரம் நிறையும்வரை குட்டிகளைத் தாயோடும் உடன்பிறப்புகளோடும் வைத்திருக்க வேண்டும். குட்டியின் ஆரோக்கியம், அதன் குணம், இனத்தின் தரம், வாங்குகிறவரின் நிம்மதி ஆகிய நான்குமே அந்தக் கடைசி நான்கு வாரங்களைப் பெரிதும் நம்பியிருக்கின்றன.

முதல் இரண்டு வாரம் எவ்வளவு கடினம் என்பது ஒரு ஈத்தையாவது பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏறக்குறைய 63 நாள் சினைக்காலம் முடிந்து பிறக்கும் குட்டிக்குக் கண்ணும் திறந்திருக்காது, காதும் கேட்காது. உடல் சூட்டைக் காத்துக்கொள்ளும் வலுவும் கிடையாது. முதல் வாரத்தில் குளிருக்கு நடுங்கக்கூட அதற்கு வராது. அதனால் குட்டி கிடக்கும் இடம் முதல் வாரத்தில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை கதகதப்பாக இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இதற்கென்ன குறை என்று தோன்றும். மார்கழி இரவின் சிமென்ட் தரையும், ஏ.சி. அறையும், நேராக மேலே வீசும் மின்விசிறியும் போதும், சில மணி நேரத்தில் குட்டி குளிர்ந்துவிடும். மற்றவை மடியில் ஒட்டிக் கிடக்க, அது மட்டும் ஓரமாக விலகிக் கிடந்து முனகும். அதன் வாய்க்குள் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தால் உள்ளே சில்லென்றிருக்கும். விரலை இழுத்துச் சப்பும் வேகமும் இருக்காது. அந்த நேரத்தில் பதறிப்போய்ப் பால் புகட்டுவதுதான் பெரிய ஆபத்து. உடல் குளிர்ந்த நிலையில் குடல் இயங்காது. புகட்டிய பால் செரிக்காமல் தங்கும், புரையேறி நுரையீரலுக்கும் போகலாம். நெஞ்சோடு அணைத்தோ, துணி சுற்றிய வெந்நீர்ப் பையை அருகில் வைத்தோ மெல்ல மெல்லச் சூடேற்றி, அதன் பிறகுதான் பால் கொடுக்க வேண்டும்.

பிறந்த ஒரு நாளுக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் குட்டிக்குப் போகிறது. 24 மணி நேரம் கடந்துவிட்டால் குட்டியின் குடல் அவற்றை ரத்தத்துக்குள் விடாது. பொறுப்பான வளர்ப்பாளர்கள் ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் வெவ்வேறு நிறக் கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டி, சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டு நோட்டில் குறித்து வைக்கிறார்கள். பிறந்த எடை ஏழு முதல் பத்து நாளில் இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் எடை ஏறாமல் நின்றாலே அது முதல் எச்சரிக்கை. தாய்க்குப் பால் போதாவிட்டால் பசும்பால் சரிவராது. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்பதால் நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடர்தான் வேண்டும். தாய் அடிவயிற்றை நக்கித் தூண்டினால்தான் குட்டிக்குச் சிறுநீரும் மலமும் கழியும்; தாய் இல்லாத குட்டிக்கு வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் நாம் அதைச் செய்ய வேண்டும். இத்தனையையும் கண் விழித்துச் செய்து உயிரைக் காப்பாற்றியவர்கள்தான், குட்டி தட்டில் வாய் வைத்ததும் வேலை முடிந்தது என்று விற்றுவிடுகிறார்கள். உண்மையில் அப்போது முடிந்தது காப்பாற்றும் வேலை மட்டும்தான்.

வளர்க்கும் வேலை மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. பத்து முதல் பதினான்கு நாளில் கண் திறக்கிறது. அடுத்த சில நாட்களில் காதும் திறக்கிறது. அப்போதிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம்வரை, எது பழக்கமானது, எது பயப்பட வேண்டியது என்பதைக் குட்டியின் மூளை வகைப்படுத்திக்கொள்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளைக் கவனித்து 1965-ல் நூலாக வெளியிட்ட ஆய்வின் முக்கிய முடிவுகளில் இதுவும் ஒன்று. 1961-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த இன்னொரு சோதனையில், உயர்ந்த வேலி போட்ட வயலில் மனித வாடையே படாமல் குட்டிகளை வளர்த்தார்கள். இரண்டு முதல் ஒன்பது வாரத்துக்குள் வெவ்வேறு வயதில் சில குட்டிகளை ஒரு வாரம் வெளியே எடுத்து மனிதரோடு பழக்கினார்கள். பதினான்கு வாரம்வரை வயலிலேயே விடப்பட்ட குட்டிகள் அதன் பின் மனிதரிடம் சரியாக ஒட்டவே இல்லை. எனவே இந்த வாரங்களில் குட்டி யாரிடம், எந்தச் சூழலில் இருக்கிறது என்பது வாழ்நாள் முழுக்கப் பேசும். வீட்டில் குட்டி எடுப்பவருக்குப் பெரிய கொட்டகைக்காரருக்கு இல்லாத வசதி இங்கேதான் இருக்கிறது. குக்கர் விசில், மிக்சி இரைச்சல், அழைப்பு மணி, குழந்தைகளின் ஓட்டம், துடைப்பம், மொசைக் தரை, மண் தரை என எல்லாம் வீட்டிலேயே கிடைக்கின்றன. தினமும் சிறிது நேரம் தூக்கி, காதையும் பாதத்தையும் தொட்டுப் பழக்கினால் நாளை மருத்துவர் முன் அந்த நாய் மிரளாது.

மனிதர் கற்றுத்தர முடியாத பாடங்களும் உண்டு. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, பல் அழுந்தினால் கடிபட்டது வீறிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். மீண்டும் மீண்டும் இது நடந்துதான் கடியின் அழுத்தத்தை அடக்கக் குட்டி கற்கிறது. இந்த விளையாட்டு சூடுபிடிப்பதே ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு. 2011-ல் ‘வெட்டரினரி ரெக்கார்ட்’ இதழில் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு 140 நாய்களை ஒப்பிட்டது. அவற்றில் பாதி 30–40 நாளில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை. மறு பாதி 60 நாள் வரை இருந்தவை. சீக்கிரம் பிரிக்கப்பட்டவற்றில் அளவுக்கு மீறிக் குரைத்தல், நடைக்குப் போகும்போது பயம், சத்தத்துக்கு மிரளுதல், உணவையோ பொம்மையையோ யாரும் தொடவிடாமை ஆகியவை கூடுதலாக இருந்தன. உரிமையாளர்கள் சொன்னதை வைத்துச் செய்த ஆய்வுதான். அது ஒன்றே எல்லாவற்றையும் நிரூபித்துவிடாது. ஆனால் வளர்ச்சி பற்றி நமக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு அது சரியாகப் பொருந்துகிறது. அந்த 30–40 நாள்தான் நம் சந்தையின் வழக்கமான விற்பனை வயது என்பதையும் மறக்கக் கூடாது.

நாட்டு இனங்களுக்கு இதில் தனியான ஒரு காரணமும் இருக்கிறது. ராஜபாளையம் நாயின் பெருமை அதன் வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும். 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாய் இனங்களில் அதுவும் ஒன்று. ஆனால் வெள்ளை ரோமத்தோடு பிறவிக் காது கேளாமையும் சேர்ந்து வருவது பல இனங்களில் அறியப்பட்ட உண்மை. ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கும் அது புதிதல்ல. நிறமி அணுக்கள் இல்லாத உட்காது, பிறந்த முதல் சில வாரங்களில்தான் சிதைகிறது. அதனால் காது கேட்கிறதா என்பதை ஐந்தாறு வாரம் ஆன பிறகே உறுதியாகச் சோதிக்க முடியும். செவிட்டுக் குட்டி கூட்டத்தில் எளிதில் மாட்டாது. மற்றவை ஓடினால் அதுவும் ஓடும், மற்றவை எழுந்தால் அதுவும் எழும். தனியே பிரித்து, தூங்கும்போது, காற்றோ அதிர்வோ படாமல் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்தால்தான் ஐயம் எழும். அதையும் மருத்துவப் பரிசோதனைதான் உறுதி செய்ய வேண்டும். 30 நாளில் விற்றவருக்குத் தன் ஈத்தில் எத்தனை குட்டி செவிடு என்பதே தெரியாது. அது தெரியாமல் அதே ஜோடியை மறுபடி இணைசேர்த்தால், இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் குறையைத்தான் பெருக்குகிறோம்.

நோய்க் கணக்கும் இதையே சொல்கிறது. உலகம் 1978-ல் அறிந்த பார்வோ வைரஸ், ரத்தக் கழிச்சலாக வந்து குட்டிகளைக் கொல்கிறது. மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் தங்குகிறது. சீம்பாலில் வந்த பாதுகாப்பு வாரங்கள் செல்லச் செல்லக் குறையும். தடுப்பூசியோ ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் தொடங்கும். 30 நாள் குட்டி ஒரு ஊசியும் இல்லாமல், பயணக் களைப்போடு, புதுத் தீனியோடு, புதுக் கிருமிகளுக்கு நடுவே போய் விழுகிறது. நாய்களின் உருண்டைப்புழு கருவிலேயே குட்டிக்குத் தொற்றுவதால் இரண்டாம் வாரம் தொடங்கி இரு வாரத்துக்கு ஒரு முறை புழு நீக்கம் செய்ய வேண்டும். எட்டாம் வாரத்தில் போகும் குட்டி, நான்கு முறை புழு நீக்கமும் முதல் ஊசியும் முடித்து, கெட்டித் தீனிக்கு வயிறு பழகிப் போகிறது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளைப் பார்ப்போம். சின்னதாக வாங்கினால்தான் நம்மிடம் ஒட்டும் என்கிறார்கள். வயலில் வளர்ந்த குட்டிகளில் ஏழு வாரத்தில் எடுத்துப் பழக்கியவை மனிதரிடம் நன்றாகவே ஒட்டின. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றும் அமைப்புகளும் ஏறக்குறைய எட்டு வாரத்தில்தான் குட்டிகளை வளர்ப்பு வீடுகளுக்கு அனுப்புகின்றன. பாசத்துக்கான வாசல் பன்னிரண்டு வாரம்வரை திறந்திருக்கிறது. தாயே குட்டிகளை உறுமி விரட்டுகிறதே என்பது அடுத்த மறுப்பு. பல் முளைத்த குட்டி காம்பைக் கடித்தால் தாய் உறுமத்தான் செய்யும். பால் மறக்கடிப்பதற்கும் பிள்ளையைத் துரத்துவதற்கும் வித்தியாசம் உண்டு. ஏறி உட்கார ஓர் உயரமான இடம் கொடுத்தால் அது தேவையானபோது விலகி, மற்ற நேரம் குட்டிகளை அடக்கிப் பழக்கும். தெருநாய்க்குட்டிகள் எந்தக் கவனிப்பும் இல்லாமல் வளரவில்லையா என்பாரும் உண்டு. கொல்கத்தா ஐஐஎஸ்இஆர் ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்தில் 364 தெருக்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்ட முடிவின்படி, இனப்பெருக்க வயதை எட்டியவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. தெருவில் பிழைத்த நாய் நம் கண்ணில் படுகிறது. செத்த நான்கு படுவதில்லை.

உண்மையிலேயே கனமான மறுப்பு செலவு. எட்டுக் குட்டிகள் ஐந்தாம் வாரத்திலிருந்து தின்னும் தீனி, அள்ள வேண்டிய அசுத்தம், ஊசி, மருந்து, மருத்துவர் கட்டணம் என முதல் மாதத்தைவிட இரண்டாம் மாதம்தான் கையைக் கடிக்கும். சிறு வருமானத்தில் வீட்டுப் பின்புறத்தில் நாய் வளர்ப்பவரிடம் இதை எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செலவு எங்கும் மறைந்துவிடுவதில்லை. பிரீடர் செலவிடாத தொகையைப் பின்னால் வாங்கியவர் ஆஸ்பத்திரியில் கட்டுகிறார், அல்லது குட்டி உயிரால் கட்டுகிறது. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, எட்டாம் வாரத்தில் குட்டியைக் கொடுத்து, ஊசிச் செலவையும் சேர்த்து விலை வைப்பதில் தவறே இல்லை. அப்படியும் எட்டு வாரம் தாங்க முடியாது என்றால் அந்த ஆண்டு இணைசேர்க்காமல் இருப்பதே நேர்மை. தெருவெல்லாம் நாய்கள் இருக்கும்போது மேலும் குட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் பதில்: முழுப் பொறுப்போடு எடுக்கும் ஈத்துகள் எண்ணிக்கையில் குறைவாகத்தான் இருக்கும், கைவிடப்பட்டுத் தெருவுக்கு வரும் நாய்களும் அதனால் குறையும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது. ஒரு பெட்டை வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் போடக் கூடாது. பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விதிகள் காகிதத்தைத் தாண்டி வீட்டு வாசலுக்கு வராததற்கு அரசை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 30 நாள் குட்டியைக் கேட்டு வாங்குகிறவர் இருக்கும்வரை அதை விற்கிறவரும் இருப்பார். ஆகவே வாங்கப் போகிறவர்கள் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். எடை எழுதிய நோட்டையும், புழு நீக்கமும் ஊசியும் குறித்த அட்டையையும் கேளுங்கள். குட்டி பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வாருங்கள். இடையில் இரண்டு மூன்று முறை போய்ப் பழகுங்கள். 56 நாள் ஆகாத குட்டியை யார் நீட்டினாலும், எவ்வளவு குறைந்த விலைக்கு நீட்டினாலும் வாங்காதீர்கள். சந்தையின் பழக்கத்தை வாங்குகிறவர்கள்தான் முதலில் மாற்ற முடியும்.