கொடுமுடிக் குரல்: கே. பி. சுந்தராம்பாளின் மேடையும் திரையும்

தமிழ்த் திரையுலகில் பாடத் தெரிந்த நடிகையர் பலர் இருந்துள்ளனர் என்றாலும், காதல் நாயகியாக ஒரு படத்திலேனும் தோன்றாமல், ஆண் வேடத்திலும் துறவி வேடத்திலும் மூதாட்டி வேடத்திலுமே நடித்து, 1935 முதல் 1970கள் வரை மக்களைக் கொட்டகைக்கு வரவழைத்தவர் கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் ஒருவரே எனலாம். அழகையும் இளமையையும் முதலீடாகக் கொண்டு இயங்கிய ஒரு தொழிலில் இவை இரண்டையும் முன்னிறுத்தாத ஒரு பெண்மணி இவ்வளவு நீண்ட காலம் நிலைத்திருந்ததற்கு அவருடைய குரலே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது உண்மையே எனினும் முழு விடையாகாது; அந்தக் குரல் எந்த மேடைக்காக உருவானது, அந்த மேடை பாடுபவரிடம் எதை எதிர்பார்த்தது என்பவற்றை அறிந்தால்தான் திரையில் அவர் அடைந்த தனியிடம் விளங்கும்.

காவிரிக் கரையில் இன்றைய ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிறந்த சுந்தராம்பாள், தந்தையை இளமையிலேயே இழந்து, தாய் பாலாம்பாளின் அரவணைப்பில் வறுமையில் வளர்ந்தார். சிறுமியாக இருந்தபோது இரயில் பெட்டிகளில் பாடிப் பொருளீட்டியதும், அவ்வாறு பாடியதைக் கேட்டவர்கள் வழியாகவே நாடகத் தொழிலுக்குள் நுழைந்ததும் அவரைப் பற்றிய வரலாறுகளில் தவறாமல் இடம்பெறும் செய்திகள். வேலு நாயரின் நாடகக் குழுவில் சிறுவர், சிறுமியர் வேடங்களில் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே முதன்மை வேடங்களுக்கு உயர்ந்தார். முறையான பள்ளிக் கல்வியோ ஒரே குருவிடம் பல்லாண்டு பயின்ற இசைப் பயிற்சியோ அவருக்கு வாய்க்கவில்லை. மேடையே அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது.

அந்த மேடையின் இயல்பைச் சற்று விரிவாகவே காண வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலும் இலங்கையிலும் பரவியிருந்த நாடகங்கள் பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய, அல்லது அவர் வகுத்த முறையைப் பின்பற்றிய, பாட்டு மிகுந்த புராண நாடகங்களாகும். இவற்றை நிலையான குழுக்கள் நடத்தியது ஒருபுறமிருக்க, 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறையும் செல்வாக்குடன் விளங்கியது. ஒப்பந்தக்காரர் ஒருவர் வெவ்வேறு ஊர்களிலிருந்து புகழ்பெற்ற நடிகர்களைத் தனித்தனியே அழைத்து ஒரே இரவுக்கு ஒன்றுசேர்த்து நடத்தும் நாடகமே ஸ்பெஷல் நாடகம் எனப்பட்டது. கதாநாயகனுக்கு ராஜபார்ட், கதாநாயகிக்கு ஸ்திரீபார்ட், நகைச்சுவை நடிகனுக்கு பபூன் என்று பெயர். இவர்கள் ஒத்திகை ஏதுமின்றி நேரே மேடையில் சந்திப்பார்கள். கதையும் பாடல்களும் எல்லோருக்கும் முன்பே தெரிந்தவை. ஆயினும் ஒருவர் எதிர்பாராத கேள்வியைப் பாட்டிலேயே தொடுத்தால் மற்றவர் அதே இராகத்தில், அதே தாளத்தில், அந்தக் கணத்திலேயே விடையளித்தாக வேண்டும். இந்தச் சொற்போருக்குத் தர்க்கம் என்று பெயர். விடை சொல்லத் தடுமாறியவரைக் கூட்டம் எளிதில் மன்னித்ததில்லை.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. இரவு முழுவதும் நடக்கும் நாடகத்தில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால், மேடைப் பாடகர்கள் மிக உயர்ந்த சுருதியில் பாடினர். பாடகர் ஆதாரமாகக் கொள்ளும் சுருதியை ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டு ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று குறிப்பிடுவது வழக்கம். கச்சேரி மேடையில் ஆண்கள் ஒரு கட்டையையும் பெண்கள் ஐந்து கட்டையையும் ஒட்டிப் பாடுவதே பெரும்பான்மை. ஆனால் நாடகத்தில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒரே ஆர்மோனியத்தைச் சார்ந்து மாறி மாறிப் பாட வேண்டியிருந்ததால், ஆண்களும் பெண்களின் சுருதிக்கே ஏறிப் பாட நேர்ந்தது. சுந்தராம்பாளின் குரல் இத்தகைய சூழலில் உரம் பெற்றது. பிற்காலத் திரைப்பாடல்களில் அவர் மேல் சுருதியில் ஒரு சொல்லை நீட்டி நிறுத்தும்போது இசை நயத்தைவிட அந்தச் சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் பிசிறின்றி ஒலிப்பதே முதலில் செவியில் விழும். திறந்தவெளியில் கேட்பவரை எட்டுவதற்காகப் பழகிய உச்சரிப்பு அது.

1920களின் நடுப்பகுதியில் இலங்கையில் நடந்த நாடகங்களின்போது அவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கத் தொடங்கினார். கன்னையாவின் நாடகக் குழுவில் புகழ்பெற்ற கிட்டப்பா, கர்நாடக இசை வித்துவான்களும் வியந்து கேட்ட குரலுக்கு உரியவர். வள்ளி திருமணம் போன்ற நாடகங்களில் இருவரும் எதிரெதிரே நின்று பாடியபோது கூட்டம் அலைமோதியது. மேடைப் போட்டியே நட்பாகி, 1927இல் திருமணத்தில் முடிந்தது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர் என்பதாலும், குடும்பத்தின் எதிர்ப்பாலும், அவருடைய உடல்நலக் கேட்டாலும் இந்த இல்வாழ்க்கை அமைதியாக நடக்கவில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. பிரிவும் பிணக்கும் நிறைந்த அந்த ஆண்டுகளில் சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளிவந்து, வெறும் புகழுரைகளைக் கடந்து அந்த உறவின் உண்மை நிலையைப் படிப்பவருக்குக் காட்டின. அன்பும் மனத்தாங்கலும் பணக் கவலையும் ஒரே பக்கத்தில் கலந்து வரும் அக்கடிதங்கள், அக்கால நாடகக் கலைஞரின் வாழ்க்கையை அறிய விரும்புவோருக்கு இன்றும் நல்ல சான்றுகளாகும்.

1933 டிசம்பர் 2 அன்று, முப்பது வயதைக்கூட எட்டாத நிலையில் கிட்டப்பா காலமானார். அப்போது இருபத்தைந்து வயதே நிரம்பியிருந்த சுந்தராம்பாள், வெள்ளைப் புடவையை ஏற்று, நகைகளைத் துறந்து, இனி எந்த ஆணுடனும் இணையாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். சில காலம் மேடையையே விட்டு விலகியிருந்தவர், மீண்டும் வந்தபோது ஆண் வேடங்களை ஏற்றார். இதைத் துயரத்தின் வெளிப்பாடு என்று மட்டும் கருதுவது போதாது. நாடகத் தொழிலில் இருந்த பெண்களைச் சமூகம் இழிவாகவே நோக்கிய காலத்தில், அந்த வெள்ளாடை அவருக்குப் பொதுவாழ்வில் ஒரு மதிப்பையும் பாதுகாப்பையும் தேடித் தந்தது. அதே வேளையில், வேடங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர் கையிலேயே வைத்தது.

இக்காலத்தில்தான் அரசியல் அவரை நாடி வந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி தாமே நாடகத்தில் ஈடுபாடு கொண்டிருந்தவர் என்பதால், கூத்தாடிகள் என்று மற்றவர் ஒதுக்கிய கலைஞர்களின் ஆற்றலை அறிந்து அவர்களை இயக்கத்திற்குள் கொண்டுவந்தார். தேசபக்திப் பாடல்களைப் புராண நாடகத்தின் இடையே பாடிவிடும் வழக்கம் மேடையில் ஏற்கெனவே இருந்தது. 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டத்தைக் கொண்டு அரசு தடை விதித்தாலும், வள்ளியும் முருகனும் பாடும் பாட்டுக்குள் காந்தியடிகளின் பெயர் புகுவதை முற்றாகத் தடுக்க இயலவில்லை. சுந்தராம்பாள் பாடிய காந்தியப் பாடல்கள் கிராமபோன் இசைத்தட்டுகளாகவும் பரவின. ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே இடமளித்த அந்தத் தட்டுகள், இரவு முழுவதும் விரியும் மேடைப் பாட்டைச் சுருக்கி, நாடகமே நடவாத சிற்றூர்களுக்கும் கொண்டு சேர்த்தன. 1937 தேர்தலில் காங்கிரசுக்காக அவர் ஊர் ஊராகச் சென்று பாடினார். பேச்சாளருக்கு முன்னர் அவர் பாடினால் கூட்டம் தானே திரளும் என்பதை அக்கட்சியினர் நன்கு அறிந்திருந்தனர்.

திரைப்பட நுழைவு 1935இல் 'நந்தனார்' படத்தின் வழியே நிகழ்ந்தது. ஆண் நடிகருடன் இணையாக நடிக்க மறுத்த அவருக்குத் தயாரிப்பாளர் நந்தன் வேடத்தையே கொடுத்து, அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியமும் தர ஒப்பினார். இந்தியத் திரையுலகில் அதுவரை கேள்விப்படாத தொகை என்று அது பேசப்பட்டது. எம். எல். டாண்டன் இயக்கிய அப்படத்தில் வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். பண்ணையார் வேதியர் என்னும் பாத்திரம் பெரிய புராணத்தில் இல்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் படைத்தது. தில்லைக்குச் செல்ல ஏங்கும் ஒடுக்கப்பட்ட அடியவராக நாடக மேடைப் பெண் ஒருவரும், அவரைத் தடுத்துப் பின்னர் அவர் பெருமையை உணரும் அந்தணராகக் கச்சேரி மேடையின் முன்னணி வித்துவான் ஒருவரும் தோன்றியது துணிவான ஏற்பாடே. எனினும் விளம்பரம் எழுப்பிய எதிர்பார்ப்பைப் படம் நிறைவேற்றவில்லை. பின்னணிப் பாடல் முறை வராத அந்நாளில் நடிகர் படப்பிடிப்பின்போதே பாட வேண்டியிருந்தது. ஒலிவாங்கியின் எல்லைக்குள் நின்று, நகராமல் பாடும் கட்டுப்பாடு மேடையில் சுதந்திரமாக விரித்துப் பாடியவருக்கு இடையூறாகவே இருந்திருக்கும்.

1940இல் 'மணிமேகலை' வந்தது. அதுவும் துறவுக் கதையே. அதன் பின்னர் நெடிய இடைவெளி விட்டு, 1953இல் ஜெமினி நிறுவனத்தின் 'ஔவையார்' வெளியானது. எஸ். எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய இப்படம் பல ஆண்டு உழைப்பில், பெரும் பொருட்செலவில் உருவானது. மணவாழ்வை விரும்பாத இளம் ஔவை, விநாயகரை வேண்டித் தன் இளமையை நீக்கி முதுமையைப் பெறுகிறாள் என்னும் மரபுக் கதை அப்படத்தின் திருப்புமுனை. தன் இளமையைத் தானே ஒதுக்கி வைத்த ஒரு பெண்மணி அந்த வேடத்தில் தோன்றியபோது, அவர் வாழ்க்கையை அறிந்திருந்த மக்களுக்கு நடிப்பு எங்கே முடிகிறது, வாழ்வு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறியும் தேவை எழவில்லை. படம் பெருவெற்றி பெற்றது. ஆனால் அனைவரும் பாராட்டினர் என்று சொல்வதற்கில்லை. அப்போது முதலமைச்சராக இருந்த இராஜாஜி தம் நாட்குறிப்பில் படத்தைக் கடுமையாகக் குறை கூறி, டி. கே. சண்முகம் ஔவையாக நடித்த மேடை நாடகமே பன்மடங்கு மேல் என்று கருதினார். அந்தக் கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. யானைக் கூட்டமும் இடிமழையும் கொண்ட வாசனின் பிரம்மாண்டம், எளிய மூதாட்டியின் கதைக்குப் பல இடங்களில் சுமையாகவே அமைந்தது. அந்த ஆரவாரத்துக்கு நடுவே படத்தைத் தாங்கி நிறுத்தியது சுந்தராம்பாளின் பாட்டுத்தான்.

1950களில் அவர் சென்னை மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினராகவும் இருந்தார். இந்தியத் திரைக் கலைஞர்களுள் சட்டமன்ற அவையில் இடம்பெற்ற முதல் சிலருள் ஒருவர் அவர். காங்கிரஸ்காரராகவும் தீவிர முருக பக்தையாகவும் அறியப்பட்ட அவர், 1964இல் மு. கருணாநிதி திரைக்கதை எழுதிய 'பூம்புகார்' படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகளாக நடித்தது பலருக்கு வியப்பளித்தது. கோவலன் கொலையுண்ட பின் தெய்வ நீதியையே வினவும் பாடலொன்றில், கடவுள் இல்லை என்று பொருள்படும் சொற்களைப் பாட அவர் தயங்கியதால் வரி மாற்றி எழுதப்பட்டது என்று திரையுலகில் வழங்கும் செய்தி, இரு தரப்பின் இயல்பையும் ஒருங்கே காட்டுவதாலேயே இன்றும் நினைவில் நிற்கிறது.

அடுத்து வந்த ஆண்டுகள் இளைய தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்தின. 1965இல் ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாட'லில், பழம் கிடைக்காமல் சினந்து மலையேறிய முருகனைத் தேற்ற வரும் ஔவையாக அவர் தோன்றும் நேரம் குறைவே. எனினும் சிவாஜி கணேசன், சாவித்திரி, டி. எஸ். பாலையா, நாகேஷ் என்று நட்சத்திரங்கள் நிறைந்த அப்படத்தில் அவர் பகுதி தனித்து நிற்கிறது. இசையமைப்பாளர் கே. வி. மகாதேவன் அவருடைய குரலை வாத்தியங்களால் மூடாமல், நாடக மேடையின் பாணியையே திரைக்கு ஏற்பச் சீர்செய்து கொடுத்தது இதற்கு முக்கியமான காரணம். 'மகாகவி காளிதாஸ்', 'கந்தன் கருணை' ஆகியவை தொடர்ந்தன. 1969இல் வெளிவந்த 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. முந்தைய ஆண்டு அவ்விருதைப் பெற்றவர் பி. சுசீலா. பின்னணிப் பாடகி என்பது திரையில் வேறொருவர் வாயசைக்கத் தன் குரலைத் தருபவரைக் குறிக்கும் சொல். பெரும்பாலும் தமக்குத் தாமே பாடிய ஒருவருக்கு அப்பெயரில் விருது கிடைத்தது விந்தையே. 1970இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தமிழ் இசைச் சங்கம் இசைப்பேரறிஞர் என்னும் பட்டத்தையும் அளித்தது.

1973இல் வெளிவந்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில், இளமைப் பருவத்துப் புனிதவதியாக லட்சுமியும், பேயுருப் பெற்ற அம்மையாராகச் சுந்தராம்பாளும் நடித்தனர். கணவன் தன்னைத் தெய்வமெனக் கருதி விலகியபின், அவனுக்காகத் தாங்கிய அழகை நீக்கிவிடுமாறு இறைவனை வேண்டும் பெண்ணின் கதை அது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஔவையாகச் செய்த துறவையே அவர் அறுபத்தைந்தாம் வயதை நெருங்கும்போது வேறோர் உருவில் மீண்டும் நடித்தார். அதன் பின்னரும் சில படங்களில் தோன்றிய அவர், 1980 செப்டம்பரில் காலமானார். திரைப்படங்களும் இசைத்தட்டுகளும் அவருடைய பிற்காலக் குரலையும் சில இளமைக்காலப் பாடல்களையும் காத்துத் தந்துள்ளன. ஆனால் கிட்டப்பாவுக்கு எதிரே நின்று விடியும்வரை தர்க்கம் பாடிய இரவுகளில் ஒன்றுகூட ஒலிப்பதிவாகவில்லை.