மணல் வளவும் கிணற்றுத் தண்ணீரும்

திருகோணமலை நகரைத் தாண்டி வடக்கே நிலாவெளி வீதியில் போனால், சாம்பல்தீவுப் பக்கமாகக் கடலை ஒட்டிக் கிடக்கிறது சல்லி. அம்மன் கோவில், கரையில் இழுத்துவிட்ட தோணிகள், தென்னையும் பனையும், காலுக்குக் கீழே மணல். அந்த மணலிலேதான் வீடு, கிணறு, மலசலகூடக் குழி, கிணற்றடி வாழை, வேலியோர முருங்கை, நாலு பாத்தி மரக்கறி எல்லாம் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. வீட்டுத்தோட்டம் பற்றி நமக்குச் சொல்லப்படும் ஆலோசனைகள் பெரும்பாலும் பசளையிலிருந்து தொடங்குகின்றன: மண்ணில் சத்தில்லை, சத்தைப் போடு, தண்ணீரைத் தாராளமாக விடு. செம்மண்ணுக்கும் களிமண்ணுக்கும் அது ஓரளவு பொருந்தும். கடலோர மணலில் அது தோட்டத்துக்கும் உதவாது, குடும்பம் குடிக்கிற தண்ணீரையும் கெடுக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம். மணல் வளவில் தோட்டமும் கிணறும் ஒன்றோடொன்று தொடுத்தவை. பாத்தியில் செய்கிற ஒவ்வொன்றுக்கும் கிணற்றில் ஒரு விளைவு உண்டு.

முதலில் மணலின் குணத்தைப் பார்ப்போம். மணற்துணிக்கை ஒன்றின் விட்டம் 0.05 மில்லிமீற்றர் முதல் 2 மில்லிமீற்றர் வரை. களித்துணிக்கையோ 0.002 மில்லிமீற்றருக்கும் சிறியது. துணிக்கை பெரிதானால் இடைவெளியும் பெரிது; பெரிய இடைவெளியில் தண்ணீர் தங்காது, இறங்கிவிடும். ஒரு மீற்றர் ஆழ மணல், பயிருக்கு எட்டக்கூடிய தண்ணீராக ஏறத்தாழ 60 முதல் 80 மில்லிமீற்றர் மட்டுமே பிடித்து வைக்கும். நல்ல களிகலந்த இருவாட்டி மண் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பிடிக்கும். கத்தரி, மிளகாய், கீரை ஆகியவற்றின் வேர்களில் பெரும்பகுதி மேல் 30 சென்றிமீற்றரில் இருக்கிறது என்று வைத்தால், அங்கே மணல் பிடிக்கும் தண்ணீர் சுமார் 20 மில்லிமீற்றர். கச்சான் காற்று அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரையான நாட்களில் பயிரும் வெயிலும் சேர்ந்து நாளொன்றுக்கு 5, 6 மில்லிமீற்றரை எடுத்துவிடும். பாதி குறைந்ததுமே செடி வாடத் தொடங்குவதால், இரண்டு நாளைக்கு ஒருமுறை 10 மில்லிமீற்றர் போதும். ஒரு சதுர மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு லீற்றர். அதாவது ஒரு சதுர மீற்றர் பாத்திக்கு இரண்டு நாளைக்கு ஒரு பத்து லீற்றர் வாளி. இதற்குப் பதிலாக மோட்டரைப் போட்டு, குழாயைப் பாத்தியில் போட்டுவிட்டு, ஒரே தடவையில் 50 மில்லிமீற்றர் விட்டால் என்ன நடக்கும்? மணல் தன்னால் இயன்றதைப் பிடித்துக்கொண்டு, மிச்சம் 30 மில்லிமீற்றருக்கு மேல் வேரைத் தாண்டிக் கீழே போகும். நாலாம் நாள் செடி மறுபடி வாடி நிற்கும். பார்ப்பவருக்குத் தண்ணீர் போதவில்லை என்று தோன்றும்.

அந்த மிச்சத் தண்ணீர் வெறுங்கையோடு இறங்குவதில்லை. யூரியாவை மண்ணில் போட்டால் நுண்ணுயிர்கள் அதை முதலில் அமோனியமாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நமது வெப்பத்தில் இதற்குச் சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரங்கள் போதும். அமோனியத்துக்கு நேர் மின்னேற்றம் இருப்பதால் களியும் மக்கிய பொருளும் அதைப் பிடித்துக்கொள்ளும். நைத்திரேற்றுக்கோ எதிர் மின்னேற்றம். அதைப் பெரும்பாலான மண்கள் பிடிப்பதில்லை, மணல் சற்றும் பிடிப்பதில்லை. தண்ணீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். ஒரு சின்னக் கணக்கு இதன் அளவைக் காட்டும். ஒரு பிடி யூரியா 50 கிராம் என்று வைப்போம். அதில் 46 சதவீதம், அதாவது 23 கிராம் நைதரசன். அது முழுவதும் நைத்திரேற்றானால் சுமார் 100 கிராம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆகவே அந்த ஒரு பிடி, 2,000 லீற்றர் தண்ணீரை எல்லைக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்தப் போதுமானது. 1.2 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் இரண்டு மீற்றர் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய அதே அளவுதான். போட்டது முழுவதும் கிணற்றுக்குப் போவதில்லை. செடி ஒரு பங்கை எடுக்கும், காற்றில் ஒரு பங்கு போகும், நிலத்தடி நீர் ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. ஆனாலும் ஒரு போகத்தில் ஒரு வளவில் எத்தனை பிடி விழுகிறது, பக்கத்து வளவுகளில் எத்தனை விழுகிறது என்று கூட்டிப் பார்த்தால், இது வெறும் காகிதக் கணக்கு என்று ஒதுக்க முடியாது. கற்பிட்டியின் மணற்பரப்பில் பல ஆண்டுகளாக மரக்கறி நெருக்கமாகச் செய்யப்படுகிறது. அங்கே கிணறுகளில் இந்த எல்லையைத் தாண்டிய நைத்திரேற்று இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் இதே கதைதான்.

இதில் பெரியவர்களைவிடக் கைக்குழந்தைகளுக்குத்தான் கவலை. 1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹண்டர் கொம்லி என்ற மருத்துவர், கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பால் குடித்த குழந்தைகள் நீலம் பாரித்துப்போவதற்கு நைத்திரேற்றுதான் காரணம் என்று எழுதினார். நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக மாறி, குருதியிலுள்ள ஈமோகுளோபினின் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளே இதற்கு மிக எளிதில் ஆளாகிறார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். நம் வீடுகளில் கொதித்தாறிய தண்ணீர் என்றால் பயமில்லை என்ற நம்பிக்கை ஆழமாக இருப்பதால், இந்த ஒரு விடயத்தையாவது தாய்மார் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

நைத்திரேற்று மேலிருந்து வருவது. கீழிருந்து வருவது உப்பு. கடலோர மணலில் மழைநீர் இறங்கி, கடல்நீருக்கு மேலே ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. இந்தச் சிறு வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு பங்கு உயர்ந்து நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 பங்கு ஆழம்வரை நன்னீர் இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கிபெனும், 1901இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட விதி இது. கேட்க நல்ல செய்திதான், ஆனால் அதை மறுபக்கமாகவும் வாசிக்க வேண்டும்: நீர்மட்டம் நிரந்தரமாக 10 சென்றிமீற்றர் இறங்கினால், கீழேயுள்ள உவர் நீர் காலப்போக்கில் 4 மீற்றர் மேலேறக்கூடும். ஒவ்வொரு கிணற்றிலும் இந்தக் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது. உவரும் நன்னீரும் கலந்து நிற்கும் இடைப்படையும் உண்டு. போக்கு மட்டும் மாறாது. வாளியால் அள்ளும்போது கிணறு மெல்லக் குறைந்து மெல்ல ஊறும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மோட்டரைப் போட்டுவிட்டு ரியூசனுக்குப் போய்விட்டால், கிணற்றுக்கு நேர் கீழே உவர் நீர் கூம்பாக மேலே இழுபடும்.

இதை வெறும் கோட்பாடாக எண்ணுவோருக்கு 2004 டிசம்பர் 26க்குப் பின் நடந்ததே சான்று. ஆழிப்பேரலை கிழக்குக் கரையெங்கும் கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பியது. உதவ வந்தவர்கள் நல்ல மனதோடு பம்புகளைக் கொண்டுவந்து கிணறுகளை இறைத்தார்கள், மறுபடியும் மறுபடியும் இறைத்தார்கள். மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வாளர்கள், இந்த அதிக இறைப்பு உப்பைக் குறைக்க உதவவில்லை என்றும், சில இடங்களில் நிலைமையை மோசமாக்கவும் கூடும் என்றும் கண்டார்கள். கிணறுகளை மெல்ல மெல்ல மீட்டது வாடைக்கால மழைதான். இங்கே மணலுக்குச் சாதகமாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பிடித்து வைக்காத அதே குணத்தால், மழை பெய்ததும் மேல்மண்ணின் உப்பு மணலில் விரைவாகக் கழுவுண்டு போனது. கனத்த மண்ணுள்ள வயல்களில் அது இன்னும் நாளெடுத்தது. திருகோணமலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. பாதிக்கும் மேல் ஐப்பசி முதல் தை வரை கொட்டிவிடுகிறது. கிணறு ஆண்டு முழுவதும் செலவழிக்கும் முதல் அந்த நாலு மாதத்தில்தான் சேர்கிறது.

அப்படியானால் மணலில் தோட்டமே வேண்டாமா? வேண்டும். மணலுக்குத் தேவையானது முதலில் பிடிமானம், பிறகுதான் சத்து. பிடிமானத்தை மக்கும் பொருள்தான் தரும். அது தண்ணீரையும் வைத்திருக்கும், அமோனியத்தையும் பொட்டாசியத்தையும் வைத்திருக்கும். சல்லிக்கு இதில் பஞ்சமில்லை. லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் தென்னைக்கு நெடுங்காலமாகச் சிபாரிசு செய்வது, பொச்சுமட்டைகளைக் குழியில் புதைப்பது. குழிந்த பக்கம் மேலே பார்க்க, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் மண் போட்டு மூடினால், மட்டை மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்து, காய்ந்த மாதங்களில் வேருக்குக் கொடுக்கும். வாழைக்கும் முருங்கைக்கும் இதையே செய்யலாம். மீன் கழிவும் நல்ல எரு. ஆனால் அதிலும் நைதரசன் மிகுதி, அளவு மீறினால் அதுவும் நைத்திரேற்றாகிக் கிணற்றுக்குத்தான் இறங்கும். இயற்கைப் பசளை என்பதால் கிணறு அதை மன்னித்துவிடாது. சருகும் தும்புத்தூளும் கலந்து மக்கவைத்த பிறகே அதைப் பாத்தியில் போடுவது நல்லது.

மணலில் எவ்வளவு கூட்டெரு போட்டாலும் ஒரு வருடத்தில் காணாமல் போகிறதே என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெப்பம் 10 பாகை கூடினால் மக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆய்வுப் பண்ணையில் 1852 முதல் 1871 வரை மட்டும் சாணி எரு இட்ட ஒரு பாத்தியில், எருவே காணாத பாத்தியைவிட இன்றும் கூடுதல் மக்குப் பொருள் இருக்கிறது. அந்தக் குளிரும் அந்தக் கனத்த மண்ணும் நமக்கில்லை. ஆகவே இங்கே ஒரேயடியாகக் கொட்டுவதில் பயனில்லை. ஒவ்வொரு போகத்திலும் கொஞ்சம் போட வேண்டும், மேலே எப்போதும் மூடாக்கு இருக்க வேண்டும். கூடவே உமிக்கரி. கரி இலகுவில் மக்காது. அமேசன் காட்டில் பழங்குடிகள் கரி கலந்து உருவாக்கிய கறுப்பு மண் பல நூற்றாண்டுகள் கடந்தும் வளமாக நிற்கிறது. தம்பலகாமம் பக்கம் நெல் விளைகிறது, அரிசி ஆலைகளில் உமி விழுகிறது. சல்லிக்கு அது தூரமில்லை.

2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை போட்டு நாடு பட்ட பாட்டை மறந்துவிட்டு மறுபடி சேதனப் பசளைப் பாட்டா என்று இன்னொருவர் கேட்கலாம். அந்தத் தடை தவறு. அந்த ஆண்டு முடிவதற்குள் அரசே பின்வாங்கியது. கந்தளாய் நெல்வயலுக்கும் கடலோர வளவுக்கும் ஒரே சட்டம் போட்டதுதான் அதன் அடிப்படைப் பிழை. இங்கே சொல்வது யூரியாவை விலக்கச் சொல்லி அல்ல. மணலில் பிடிக்கணக்கில் போடாமல், ஒரு தேக்கரண்டியைப் பலமுறைக்குப் பிரித்து, செடி வளரும் வேகத்துக்கு ஏற்பக் கொடுக்கச் சொல்லித்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். எந்த மண்ணில் எப்படி என்பதையும் கூடவே சொல்லியிருந்தால் பயன் இன்னும் கூடியிருக்கும்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறதே, கிணற்றைப் பற்றி ஏன் இவ்வளவு யோசனை என்பதும் கேட்கப்படும். குழாய்த் தண்ணீருக்கு மாதாமாதம் கட்டணம் உண்டு. அதைக் கத்தரிக்கு ஊற்ற எந்தக் குடும்பத்துக்கும் மனம் வராது. குழாய் வற்றும் நாளில் குடிப்பதற்கும் திரும்பவேண்டியது இதே கிணற்றுக்குத்தான். பயிரைத் தெரிவதிலும் கிணற்றைக் காக்கலாம். அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸும் ஹொஃப்மனும் 1977இல் வெளியிட்ட பட்டியலின்படி, மண்ணின் உப்பு மீற்றருக்கு 1 டெசிசீமன்ஸ் (dS/m) என்ற அளவைத் தாண்டியதுமே போஞ்சியின் விளைச்சல் விழத் தொடங்குகிறது, வெங்காயத்துக்கு 1.2, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5, பீற்றூட்டுக்கு 4. பின்னர் வந்த பட்டியல்களில் கௌப்பிக்கு 4.9. பயிற்றங்காயும் கௌப்பியும் ஒரே இனம். போஞ்சியை மலைநாட்டுக்கு விட்டுவிட்டுப் பயிற்றங்காய்ப் பந்தல் போடுவது சல்லியின் மணலுக்கு ஏற்றது. வாளி தூக்க ஆளில்லாத வீட்டில், சுட்ட மண் முட்டியைக் கழுத்துவரை செடிகளுக்கு நடுவில் புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைக்கலாம். முட்டியின் சுவர் வழியே வேர் கேட்கும் அளவுக்குத்தான் தண்ணீர் கசியும். சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பூசணி இனங்களுக்கு இப்படிச் செய்ததாக எழுத்தில் இருக்கிறது.

மலசலகூடக் குழியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதுவும் நைத்திரேற்றின் ஊற்று, அத்தோடு கிருமியின் ஊற்று. கிணற்றிலிருந்து 30 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் வழிகாட்டல். சிறிய வளவுகளில் அது இயலாத காரியம் என்றால், தோட்டத்திலிருந்து இறங்குவதையாவது குறைப்பது இரட்டிப்புக் கட்டாயமாகிறது.

ஐப்பசி மழை தொடங்குமுன் பொச்சுமட்டைகளைக் குழியில் அடுக்கிவிடுங்கள். அடைமழை நாட்களில் யூரியாப் பையைப் பிரிக்காதீர்கள்; அப்போது போடுவது செடிக்குப் போகாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால், ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரைத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்து நைத்திரேற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். விடை வரும்வரை பிள்ளையின் பால்மாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைக்க வேண்டாம்.