புது ஒயின் வெளியாகும் நாளும் சிறு திராட்சை விவசாயியும்

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விலை சரியும்போதெல்லாம் ஒரு கோரிக்கை எழுவது வழக்கம். பக்கத்திலேயே ஓர் ஒயின் ஆலை இருந்தால் பழத்தை வந்த விலைக்குத் தள்ள வேண்டியிராதே என்பதே அது. கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் பழத்தைப் பழமாக விற்பதற்கும், அதையே ஒயினாக்கிப் புட்டியில் அடைத்து விற்பதற்கும் இடையே எத்தனை வேலைகள், எவ்வளவு இடர்கள் உள்ளன என்பதை அறிந்துகொண்டு பேசுவது நல்லது. இதற்குப் பிரான்சு நாட்டின் போஜோலே பகுதி பொருத்தமான எடுத்துக்காட்டாகும். மது அருந்துவதை ஊக்குவிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. சீக்கிரம் கெட்டுப்போகும் ஒரு விளைபொருளைச் சிறு விவசாயக் குடும்பங்கள் எவ்வாறு பணமாக்குகின்றன என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

போஜோலே என்பது லியோன் நகருக்கு வடக்கே குன்றும் சரிவுமாக அமைந்த பகுதி. இங்கு பயிராவது பெரும்பாலும் காமே என்ற கருந்திராட்சை ரகம். 1395-ம் ஆண்டில் பர்கண்டியின் பிரபு பிலிப், இந்த ரகத்தைத் தமது சீமையிலிருந்து பிடுங்கி எறியும்படி ஆணையிட்டார். காய்ப்பு அதிகம், தரம் மட்டம் என்பது அவர் கூறிய குற்றச்சாட்டு. ஆனால் போஜோலேயின் கருங்கல் சிதைந்து உண்டான மணற்பாங்கான நிலத்தில் அது நன்றாக வந்தது. நமது ஊரைப் போலப் பந்தல் கிடையாது. பழைய தோட்டங்களில் கம்பி கூட இல்லாமல், முழங்கால் உயரத்தில் கிண்ணம் போலக் கவாத்து செய்து, எக்டருக்குச் சுமார் 10,000 கொடிகள் வரை நெருக்கமாக நட்டிருப்பார்கள். நிலத்தைப் பாதி வாரத்துக்கு எடுத்து உழைக்கும் வழக்கமும் அங்கே நெடுங்காலமாக உண்டு. விளைந்த ஒயினில் பாதி நிலத்துக்காரருக்கு, பாதி உழைத்த குடும்பத்துக்கு என்பது ஏற்பாடு.

நமது திராட்சை விவசாயிகள் அறியாமலேயே இப்பகுதிக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று கூடச் சொல்லலாம். அடிச்சாம்பல் நோய்க்கு நாம் தெளிக்கும் போர்டோ கலவை, 1885-ம் ஆண்டில் போர்டோ நகரின் பேராசிரியர் மில்லார்டே வெளியிட்ட கண்டுபிடிப்பு. அதைக் கொடியின் மேல் பனிபோலத் தூவ, முதுகில் சுமந்து கையால் அடிக்கும் தெளிப்பானைப் பெருமளவில் செய்து பரப்பியவர்களில் முக்கியமானவர் வெர்மொரல். அவரது பட்டறை போஜோலேயின் வில்பிரான்ஷ் ஊரில்தான் இருந்தது.

ரோமனேஷ் என்ற கிராமத்தில் பெனுவா ரக்லே என்பவரின் கதை இன்னும் சுவையானது. 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரால் என்னும் புழு, தோட்டம் தோட்டமாக இலைகளை அழித்துக்கொண்டிருந்தது. ரக்லேயின் வீட்டுச் சுவரோரம் நின்ற ஒரு கொடி மட்டும் பச்சையாக இருந்தது. ஏனென்று பார்த்தபோது, சமையலறையிலிருந்து வெளியேறும் சுடுநீர் அதன் அடியில் பாய்வது தெரிந்தது. குளிர்காலத்தில் பட்டைக்கடியில் ஒடுங்கியிருக்கும் புழுக்கள் சுடுநீரில் செத்துவிடுகின்றன என்று அவர் புரிந்துகொண்டார். அக்கம்பக்கத்தார் முதலில் ஏளனம் செய்தார்கள். பிறகு வட்டாரம் முழுவதும் கொதிநீர்க் கெண்டிகளுடன் தோட்டத்தில் இறங்கியது. இன்றும் ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் அவர் பெயரால் விழா எடுத்து, அந்த ஆண்டின் புது ஒயினை முதன்முதலாகச் சுவைத்துப் பார்க்கிறார்கள்.

இனி அறுவடைக்கு வருவோம். அங்கே ஆண்டுக்கு ஒரே ஒரு காய்ப்பு. ஜூன் தொடக்கத்தில் பூக்கும். பூத்து நூறு நாளில் பழம் தயார் என்பது அந்நாட்டு விவசாயிகளின் பழைய கணக்கு. அதன்படி செப்டம்பர் நடுவில் அறுவடை. ஆனால் 2003-ம் ஆண்டின் கடும் வெயிலில் ஆகஸ்டு நடுவிலேயே கத்தரியை எடுக்க வேண்டியதாயிற்று. சமீப ஆண்டுகளில் ஆகஸ்டு கடைசி வாரத்தில் அறுவடை தொடங்குவது அபூர்வமன்று. முன்கூட்டியே கொடி துளிர்ப்பதால், 2021-ம் ஆண்டு ஏப்ரலில் நேர்ந்தது போல உறைபனியில் இளந்துளிர் கருகும் ஆபத்தும் கூடியிருக்கிறது.

எந்த நாளில் அறுப்பது என்பதுதான் அக்குடும்பத்துக்கு ஆண்டின் மிகப் பெரிய தீர்மானம். இதைக் கண்ணாலும் நாவாலும் மட்டும் முடிவு செய்வதில்லை. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை தோட்டத்தின் பல வரிசைகளிலிருந்து, வெயில் பக்கமும் நிழல் பக்கமும், குலையின் தோளிலும் நுனியிலுமாக சுமார் 200 மணிகளைப் பறித்து நசுக்கி, சாற்றின் சர்க்கரையையும் புளிப்பையும் அளக்கிறார்கள். கணக்கு எளிதானது. ஒரு லிட்டர் சாற்றில் உள்ள ஒவ்வொரு 17 கிராம் சர்க்கரையும் நொதித்தபின் 1 சதவீத ஆல்கஹாலாக மாறும். 12 சதவீதம் வேண்டுமானால் லிட்டருக்கு 204 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்தால் ஒயின் நீர்த்துப் புளிக்கும். காத்திருந்தால் சர்க்கரை ஏறும், ஆனால் புளிப்பு இறங்கிவிடும். நடுவே ஒரு மழை வந்தால் மணி வெடித்து, சாம்பல் நிறப் பூஞ்சை பிடித்து எல்லாம் கெடும். வானத்தையும் அளவுக் கருவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு வாரங்களின் கவலை, கோடை மழைக்கு அஞ்சும் நமது திராட்சை விவசாயிக்குச் சொல்லாமலே விளங்கும்.

பறிப்பு பெரும்பாலும் கையால்தான் நடக்கிறது. எந்திரம் கொடியை உலுக்கி மணிகளை உதிர்க்கும். பல மணிகள் உடையும். போஜோலே முறைக்கு முழுக்குலை உடையாமல் தொட்டிக்கு வர வேண்டும். ஆகவே ஆழமில்லாத சிறு பெட்டிகளில் எடுத்துச் செல்கிறார்கள்.

தொட்டிக்குள் நடப்பது விந்தையானது. குலைகளை நசுக்காமல் அப்படியே கொட்டுகிறார்கள். அடியில் உள்ள பழங்கள் மேற்பாரத்தால் நசுங்கி, சாறு வெளிப்பட்டு, ஈஸ்டினால் நொதிக்கத் தொடங்கும். அதிலிருந்து கிளம்பும் கரியமிலவாயு தொட்டி முழுவதும் நிரம்பும். மேலே முழுசாக இருக்கும் மணிகள் பிராணவாயு கிடைக்காமல், தம் தோலுக்குள்ளேயே தாமாக நொதிக்கின்றன. அப்போது மணிக்குள் 2 சதவீதம் வரை ஆல்கஹால் உண்டாவதுடன், மாலிக் அமிலத்தில் கணிசமான பகுதி குறைந்து புளிப்பு தணிகிறது. வாழைப்பழம், ஸ்ட்ராபெரி போன்ற மணமும் பிறக்கிறது. தோலிலிருந்து துவர்ப்பு அதிகம் இறங்குவதில்லை. அதனால்தான் இந்த ஒயினை ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் ஊறவைக்க வேண்டியதில்லை. நான்கைந்து நாளில் பழங்களைப் பிழி எந்திரத்தில் இடுகிறார்கள். அப்போது வடியும் சாறு பாதி நொதித்தும் பாதி இனிப்பாகவும் இருக்கும். அதற்கு அவ்வூரார் இட்ட பெயர் ‘பாரடி’, அதாவது சொர்க்கம். அறுவடைக் கூலியாட்களுக்கு அதில் ஒரு குவளை கிடைக்கும். மீதிச் சர்க்கரை நொதித்து முடிந்ததும் தெளியவைத்து வடிகட்டிப் புட்டியில் அடைக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நொதிக்கும் தொட்டி உள்ள அறை, விஷவாயு தங்கிய பாழுங்கிணறு போன்றது. கரியமிலவாயு காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். இறங்கியவரும் அவரைத் தூக்கப் போனவருமாகச் சேர்ந்து மாண்ட நிகழ்ச்சிகள் ஒயின் நாடுகளில் உண்டு. மெழுகுவர்த்தி கொளுத்திப் பார்ப்பது பழைய வழக்கம். சுடர் அணைவதற்கு முன்பே மனிதனுக்குத் தீங்கு விளையலாம் என்பதால், இப்போது அளவுக் கருவியும் காற்றோட்ட விசிறியும் வைத்துக்கொள்கிறார்கள். நமது ஊரில் கிணற்றில் இறங்குவோரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வாறு செப்டம்பரில் பறித்த பழம், நவம்பரில் விற்பனைக்கு வந்துவிடுகிறது. இதற்குச் சட்டப்படி வழி பிறந்தது 1951-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி. அதுவரை டிசம்பர் 15-க்கு முன் வெளியிடக் கூடாது என்றிருந்த விதி, அன்று சில வகை ஒயின்களுக்குத் தளர்த்தப்பட்டது. பின்னர் நவம்பர் 15 வெளியீட்டு நாளாயிற்று. 1985-ம் ஆண்டு முதல் நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை என்று மாற்றப்பட்டது. அந்த நள்ளிரவு வரை கடைக்காரர் ஒரு புட்டியும் விற்கக் கூடாது. ‘புதிய போஜோலே வந்துவிட்டது’ என்ற அறிவிப்புத் தட்டி உலகெங்கும் தொங்கும். ஜார்ஜ் டுபோப் என்ற வணிகர் இதை ஒரு திருவிழாவாகவே ஆக்கிவிட்டார். அவர் 2020-ம் ஆண்டில் காலமானார். வெளிநாடுகளில் இதை அதிகமாக வாங்குவது ஜப்பான். பொழுது முன்னதாக விடியும் நாடு என்பதால், பிரான்சுக்கு முன்பே அங்கே புட்டி திறக்கப்படுகிறது!

சிறு விவசாயிக்கு இதில் கிடைத்த ஆதாயம் மணமோ சுவையோ அன்று. கைக்கு விரைவாக வரும் ரொக்கம். பறித்த இரண்டு மாதத்தில் கூலி, மருந்து, கடன் தவணை எல்லாம் கட்டலாம். மோர்கோன், புளூரி முதலிய பத்து ஊர்களின் ஒயின்களுக்கு இந்தப் புது வெளியீட்டு உரிமை இல்லை. அவை அடுத்த ஆண்டோ அதற்குப் பிறகோதான் வெளிவரும். அதுவரை குடும்பம் சாப்பிட வேண்டுமே! ஆகவே இரண்டு வகை நிலமும் உள்ளவர்கள், ஒன்றைப் புது ஒயினாக்கிச் செலவுக்கு வைத்துக்கொண்டு மற்றதைப் பொறுமையாக முதிரவிடுவது உண்டு.

ஆனால் எளிதில் பணம் தந்த பொருளே பின்னர் காலை வாரிவிட்டது. எல்லோரும் அதையே செய்தார்கள், அளவு பெருகியது, சிலர் தரத்தை விட்டார்கள். 2001-ம் ஆண்டு விளைச்சலில் விற்காமல் தங்கிய சுமார் 1 கோடி லிட்டர் ஒயின், எரிசாராயமாக வடிக்கவோ அழிக்கவோ அனுப்பப்பட்டது. 1990-களின் இறுதியில் 20,000 எக்டருக்கு மேல் இருந்த தோட்டப் பரப்பு இன்று 15,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. கொடியைப் பிடுங்கியவர்களில் பெரும்பாலோர் சிறியவர்களே. தாக்குப்பிடித்த குடும்பங்கள், மொத்த வணிகருக்குத் தொட்டிக் கணக்கில் ஊற்றுவதைக் குறைத்து, தம் பெயரில் புட்டியில் அடைத்து நேரடியாக விற்பவர்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

நமது பன்னீர் திராட்சைக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கம்பத்தில் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். போஜோலேக்காரர் கனவிலும் காணாத வசதி இது. எக்டருக்கு ஆண்டுக்கு 30 டன் எடுக்கலாம். அவர்களுக்கோ சட்டப்படியே எக்டருக்குச் சுமார் 6,000 லிட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 8 டன் பழத்துக்கு மேல் கூடாது. காய்ப்பு கூடினால் சர்க்கரை குறையும் என்பதே காரணம். இங்கே மழைக்காலத்துப் பழத்தின் சர்க்கரை 16 பிரிக்சில் நின்றுவிட்டால், ஒயினில் ஆல்கஹால் 9 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அது நாள்பட நிற்காது. ஆகவே ஆலை கேட்குமுன், ஒவ்வொரு காய்ப்பிலும் பழத்தின் பிரிக்சு எவ்வளவு என்று விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒரு கைக்கருவி வாங்கிக் குறித்துவைப்பது அவசியம். ஆலைக்காரரிடம் விலை பேச அந்த நோட்டுப் புத்தகம்தான் கையில் ஆயுதம்.

உரிமமின்றி ஒயின் தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதை மறக்கலாகாது. உரிமம் கேட்காத வழி, பழச்சாறுதான். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு மட்டும் தேவை. காம்பு நீக்கிய பழத்தை நசுக்கி 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்கினால் தோலின் நிறம் சாற்றில் இறங்கும். பிழிந்து வடிகட்டி, குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் உப்புப் படிகங்கள் அடியில் தங்கும். தெளிந்த சாற்றை மட்டும் இறுத்து, 85 டிகிரிக்குச் சூடாக்கி, சூடு ஆறுமுன் சுத்தமான கண்ணாடிப் புட்டிகளில் விளிம்பு வரை நிரப்பி மூடிவிட வேண்டும்.