தாயா, மகளா: குதிரையேற்றத்தில் யார் கெட்டிக்காரர்?

நம் வட்டாரத்தில் குதிரை என்றாலே பினாங்கு குதிரைப் பந்தயம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ‘ஈவென்டிங்’ வேறு. ஒரே வீரர், ஒரே குதிரை, மூன்று சோதனைகள்: சொன்னபடி அசைந்து நடப்பது, திறந்தவெளியில் வேலியும் நீரும் பள்ளமும் தாண்டி ஓடுவது, கடைசியில் திடலில் கம்பம் விழாமல் தாண்டுவது.

பிரிட்டிஷ் இளவரசி ஆன், 1971இல் டப்லெட் என்ற குதிரையில் ஐரோப்பிய வெற்றியாளர் ஆனார். 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் கீழே விழுந்தும், மீண்டும் ஏறிப் போட்டியை முடித்தார், பதக்கம் இல்லை. மகள் ஸாரா, டாய்டவுன் குதிரையில் 2005இல் ஐரோப்பிய வெற்றியாளர், 2006இல் உலக வெற்றியாளர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் குழுப் பிரிவில் வெள்ளி. அதை அணிவித்தவர் அம்மாவேதான்.

பதக்கக் கணக்கில் மகள்தான் முன்னே. ஆனால் தாயின் காலத்தில், இரண்டாம் சோதனை நாளன்று வேலி தாண்டும் முன்பே பல கிலோமீட்டர் பாதை ஓட்டமும் வேகத் தடை ஓட்டமும் உண்டு. குதிரையின் பலத்தைக் கடைசிவரை மிச்சம் பிடிப்பதே தனித் திறமை. மகள் வென்றபோது அந்தப் பகுதி நீக்கப்பட்டிருந்தது.

ஆகவே இருவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. பால்மரம் சீவிய அம்மாவையும் பட்டம் வாங்கிய மகளையும் ஒப்பிடும்போதும் இதை நினைவில் வைப்போம்.