ஊருக்கென்று ஒரு நிதியம்: வக்பு என்னும் நிலையான தர்மம்

  

2020ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி, ரமழானின் இறுதிப் பத்து நாட்கள். கொரோனாத் தொற்றினால் கொழும்பு நகரம் முடங்கிக் கிடந்தது. கூலித் தொழில் செய்வோரின் வீடுகளில் அடுப்பெரியவில்லை. மாளிகாவத்தையில் ஒரு வர்த்தகர் ஏழைகளுக்குப் பணம் வழங்குகின்றார் என்ற செய்தி பரவியதும் பெருந்திரளானோர் அங்கு கூடினர். ஏற்பட்ட நெரிசலில் மூன்று பெண்கள் மரணமடைந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கொடுத்தவரின் நிய்யத்தை அல்லாஹ் நன்கறிவான். அதனை நிறுத்துப் பார்ப்பது நமது வேலையன்று. ஆயினும் ஒரு கேள்வியை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். வருடத்தில் ஒரு மாதம் கடை வாசலிலே வரிசை; மீதிப் பதினொரு மாதங்களும் அந்த வரிசையில் நின்ற தாயின் வீட்டில் என்ன நடக்கின்றது என்பதை யார் பார்க்கின்றார்கள்? கண்டி நகரிலும், அக்குறணையிலும், மடவளையிலும், கம்பளையிலும் ரமழான் பிறந்தால் இவ்வரிசைகளை நாம் காணாமலில்லை. அவற்றில் நிற்கும் உம்மாவின் பக்கத்தில் ஒரு பிள்ளையும் நிற்கின்றது. அப்பிள்ளை க.பொ.த. சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வேலைக்குப் போகுமா, மேலே படிக்குமா என்பதை அன்று கையில் விழும் ஆயிரம் ரூபா தீர்மானிக்கப் போவதில்லை.

தர்மம் செய்வதில் நமது சமூகம் பின்னிற்கவில்லை. குறைவு கொடையிலன்று, கொடையைச் சேர்த்து நிலைநிறுத்தும் அமைப்பிலேயே உள்ளது. இன்று உலகின் பல நாடுகளில் ஒரு பிரதேசத்தின் மக்கள் தமது கொடைகளை ஒரே நிதியத்தில் சேர்த்து, அதன் முதலைப் பாதுகாத்து, வருமானத்திலிருந்து தமது ஊரின் பாடசாலை, வைத்தியசாலை, தொழிற்பயிற்சி முதலியவற்றுக்கு மானியம் வழங்குகின்றனர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1914இல் ஃபிரெடரிக் கோஃப் என்னும் வங்கியாளர் இத்தகைய சமூக நிதியம் ஒன்றை ஆரம்பித்தார். இதனைப் புதுமையென்று கேட்டு வியக்கும் நம் வாலிபர்களுக்கு ஒன்று கூறவேண்டும். இதன் மூல வடிவம் மதீனாவில் உள்ளது.

உமர் (ரழி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதைவிடப் பெறுமதியான சொத்து தமக்கு முன்னர் கிடைத்ததில்லை என்று கூறி, அதனை என்ன செய்வதென்று நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை அப்படியே தடுத்து வைத்து, அதன் விளைச்சலைத் தர்மமாக்கும்படி நபியவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படவோ, அன்பளிப்புச் செய்யப்படவோ, வாரிசுகளுக்குப் பங்கிடப்படவோ மாட்டாது என்ற நிபந்தனையுடன் ஏழைகள், உறவினர், அடிமைகளின் விடுதலை, வழிப்போக்கர், விருந்தினர் ஆகியோருக்கென உமர் (ரழி) அவர்கள் அதனை வக்பு செய்தார்கள். பராமரிப்பவர் நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம் என்றும், அதனைத் தமக்கெனச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்றும் விதித்தார்கள். இன்றைய நிதியங்களின் யாப்பில் நாம் காணும் முதல், பயனாளிகள், நிர்வாகி, நிர்வாகச் செலவின் எல்லை ஆகிய நான்கும் அந்த ஒரே நிகழ்வில் அடங்கிவிட்டன. தமக்குப் பின் அந்த வக்பைப் பராமரிக்கும் பொறுப்பைத் தம் மகள் ஹப்ஸா (ரழி) அவர்களிடமே அவர்கள் ஒப்படைத்தார்கள். ஊர்ப் பொதுப்பணிகளின் கூட்டத்தில் நமது தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் ஓர் ஆசனமேனும் வைப்பதற்குத் தயங்கும் பெரியார்கள் இதனைச் சற்றுச் சிந்திப்பார்களாக.

பின்வந்த காலங்களில் இவ்வழிமுறை எவ்வளவு நுட்பமாக வளர்ந்தது என்பதற்கு இப்னு பதூதா கூறும் ஒரு செய்தி போதும். 1344இல் நமது நாட்டுக்கும் வந்து பாவா ஆதம் மலை ஏறிய அந்தப் பயணி, அதற்கு முன் 1326இல் திமிஷ்கு நகரில் தங்கியிருந்தார். அங்கே ஒரு பணியாளச் சிறுவன் சீனப் பீங்கான் தட்டொன்றைக் கை தவறி உடைத்துவிட்டான். எஜமானுக்குப் பயந்து நின்ற சிறுவனை மக்கள் தேற்றி, உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திரங்களுக்கான வக்பின் பொறுப்பாளரிடம் செல்லும்படி சொன்னார்கள். அவர் துண்டுகளைப் பார்த்துவிட்டு, வேறு தட்டு வாங்கப் பணம் கொடுத்தார். ஒரு சிறுவன் அடி வாங்காதிருப்பதற்கும் ஒரு வக்பு!

இனி, நமது கண்டிக்கு வருவோம். கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் வைத்தியர்களாகவும், தவளம் எனப்படும் பொதிமாடுகளில் சரக்கேற்றிச் செல்வோராகவும் பணியாற்றினர். போக்குவரத்துக்குப் பொறுப்பாயிருந்த மடிகே பத்த என்னும் பிரிவில் அவர்களுக்கு முக்கிய இடமிருந்தது. நம் அயலவரான பௌத்தர்களும் விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் காணிகளை ஒதுக்கி, அவற்றின் வருமானத்தாலும் சேவைகளாலும் தமது சமயத் தலங்களைப் பன்னெடுங்காலம் பேணி வந்துள்ளனர். தலதா மாளிகையின் காணிகள் இதற்குச் சான்று. பௌத்த சமயச் சொத்துக்களுக்கான கட்டளைச் சட்டமும், முஸ்லிம்களின் வக்புகளை உள்ளடக்கிய கட்டளைச் சட்டமும் 1931 என்ற ஒரே ஆண்டைச் சேர்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. இரு சமூகங்களும் தம் முன்னோர் விட்டுச் சென்றவை பொறுப்பாளர்களின் கையில் கரைந்துவிடாதிருக்க வேண்டுமென்று ஏறத்தாழ ஒரே நேரத்தில் கவலை கொண்டிருக்கின்றன.

கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் பத்திரிகை நடத்தினார், பாடசாலை அமைத்தார். 1892இல் வாப்பிச்சி மரைக்காருடனும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷாவின் ஊக்கத்துடனும் கொழும்பு ஸாஹிராவின் தோற்றத்துக்குக் காரணமானார். எனினும், நமது விடயத்துக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி கலாநிதி ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமாகிய அவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். உணவு உற்பத்தியைப் பெருக்குவதே அவருக்கிட்ட பணி. நெல் விளையும் பூமியில் பிள்ளைகளின் கல்வி விளையாதிருப்பதைக் கண்ட அவர், 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். பின்னர் கண்டிக்கு மாற்றலாகி வந்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியம் அவரது முயற்சியால் உருவாயிற்று.

இந்நிதியத்தின் சிறப்பு எங்கே உள்ளது? அவர் விரும்பியிருந்தால் தமக்குத் தெரிந்த செல்வந்தர் இருவரிடம் சொல்லி, தெரிந்த மாணவர் நால்வருக்கு உதவி பெற்றுக் கொடுத்திருக்கலாம். பதவியிலிருந்த அவருக்கு அது இலகுவான காரியம். ஆனால் அவர் பதவி மாறிச் சென்றதும் அதுவும் நின்றிருக்கும். ஆகவேதான் பலரின் பங்களிப்பைச் சேர்த்து, தம் பெயரில் தங்கியிராத ஒரு நிறுவனத்தை அமைத்தார். வசதியற்ற மாணவர் உயர்கல்வி பெற அது கைகொடுத்தது. 1948 முதல் 1961 வரை ஸாஹிராவின் அதிபராகவும், செனட்டராகவும் விளங்கிய அவர் 1973இல் காலமானார். நிதியம் அவருடன் அடக்கப்படவில்லை.

இவ்விடத்தில் மார்க்கச் சட்டம் ஒன்றைத் தெளிவுபடுத்துவது அவசியம். ஏனெனில் பலர் எல்லாப் பணத்தையும் ஒரே உண்டியலில் போட்டுக் குழப்பிக்கொள்கின்றனர். ஸகாத்துக்கு அத்தவ்பா அத்தியாயம் எட்டுக் கூட்டத்தாரை வரையறுத்துள்ளது. பெரும்பாலான இமாம்களின் கருத்துப்படி அது உரியவரின் கையில், அவரது உடைமையாகச் சேர வேண்டும். அதைக் கொண்டு பள்ளிவாசல் கட்டவோ, வாசிகசாலைக்குக் கூரை போடவோ இயலாது. ஏழை மாணவன் ஏழை என்ற வகையில் அதனைப் பெறலாம். ஸதகாவுக்கு இந்த எல்லை இல்லை. ஊரின் எந்த நற்காரியத்துக்கும், முஸ்லிமல்லாத அயலவருக்கும் கொடுக்கலாம். வக்போ, முதலை நிறுத்திப் பயனைக் கொடுப்பது. நபியவர்களின் துணைவியார் ஸபிய்யா (ரழி) அவர்கள் யூதரான தம் சகோதரருக்கு வக்பு செய்த செய்தியை பிக்ஹு நூல்கள் எடுத்துக் கூறுகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை மண்சரிவாலும் வெள்ளத்தாலும் சூறையாடியபோது, மண் யாருடைய வீடென்று கேட்டுப் புதைக்கவில்லை. ஆகவே ஊர் நிதியத்தில் ஸகாத்துக்கு ஒரு கணக்கு, ஸதகாவுக்கு வேறு கணக்கு, வக்புக்கு இன்னொரு கணக்கு என மூன்று ஏடுகள் இருத்தல் வேண்டும்.

"நம்மிடம் வக்பு செய்யக் காணி இல்லையே!" என்று நீங்கள் கேட்கலாம். பணத்தை வக்பு செய்வது குறித்து அறிஞர்களிடையே பழைய கருத்து வேறுபாடு உண்டு. செலவழிந்தால் முதலே இல்லாது போகும் என்பதால் ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான நிலைப்பாடு அதனை ஏற்கவில்லை. உஸ்மானியர் ஆட்சியில் 16ஆம் நூற்றாண்டில் பிர்கவி அதனை எதிர்த்தார், ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் ஆதரித்தார். 2004இல் மஸ்கத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி, பண வக்பு கூடுமென்றும், அதனை ஆகுமான முதலீடுகளில் ஈடுபடுத்தலாமென்றும் முடிவு செய்தது. எனவே, நானூறு குடும்பங்கள் கொண்ட ஒரு மஹல்லாவில் ஒவ்வொரு குடும்பமும் மாதம் இருநூறு ரூபா தருவதாக வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 80,000, வருடத்துக்கு 960,000 ரூபா. ஐந்து வருடங்களில் 48 இலட்சம். ஒரு குடும்பத்துக்கு அது ஒரு சிறு தொகைதான், அவ்வளவே.

ஆயினும் இப்பணத்தை வங்கியில் போட்டுவிட்டுத் தூங்கிவிடலாகாது. 2022 செப்டெம்பரில் நமது நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. ஒரு வருடத்துக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கு நூற்றெழுபது கொடுக்க வேண்டியதாயிற்று. ரூபாவாகவே கிடந்த ஊர் நிதிகள், ஒரு சதமும் திருடப்படாமலே தேய்ந்தன. முன்னோர் காணியையும் கடையையும் வக்பு செய்ததில் எத்தகைய தூரநோக்கு இருந்தது என்பது அப்போது விளங்கிற்று. சேரும் பணம் ஒரு கடையறையாகவோ, வாடகை தரும் கட்டடமாகவோ மாறுவதே நன்று. அதன் வாடகையும் சந்தை விலைக்கே அறவிடப்பட வேண்டும். பள்ளிவாசல் கடையை ஐம்பது வருடத்துக்கு முந்திய வாடகைக்கு வைத்திருப்பவர், தெரிந்தோ தெரியாமலோ ஏழைப் பிள்ளையின் கொப்பிக் காசில் வியாபாரம் செய்கின்றார். கடுமையான வார்த்தைதான், ஆனாலும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

சட்டத்தின் வழியும் நமக்கு உண்டு. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க முஸ்லிம் பள்ளிவாசல்கள், தர்ம நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்புகள் சட்டம் பள்ளிவாசல்களையும் தர்மச் சொத்துக்களையும் பதிவு செய்யவும், நம்பிக்கையாளர்களை நியமிக்கவும், அவர்களிடம் கணக்குக் கேட்கவும் இடமளிக்கின்றது. வக்பு சபை அதன்படி இயங்குகின்றது. பிணக்குகளை விசாரிக்க வக்பு நியாய சபையும் உண்டு. முஸ்லிம் தர்ம நிதியம் என ஒன்றும் அதே சட்டத்தால் அமைந்ததே. கணக்குக் காட்டுவதை அவமதிப்பாகக் கருதும் நம்பிக்கையாளர் எவரும், ஸகாத் சேகரித்து வந்தவரிடம் நபி (ஸல்) அவர்களே கணக்குக் கேட்ட வரலாற்றை நினைவிற்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது இதுதான்: மரண சாசனம் எழுதும்போது மூன்றிலொரு பங்குக்குள் ஊரின் கல்விக்கென ஒரு சிறு பகுதியை ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். அதனை நொத்தாரிசு மூலம் எழுத்தில் வையுங்கள். வாய்ச்சொல்லாக விடப்பட்ட வக்புகள் இரண்டாம் தலைமுறையில் வழக்காகி, மூன்றாம் தலைமுறையில் வீடாகிவிடுகின்றன.

வாலிபர்களே, உங்களுக்குப் பணமில்லாதிருக்கலாம். கணினி தெரியும், கணக்கியல் தெரியும், பேராதனையில் படிப்போரும் உங்களில் உள்ளனர். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குரிய காணி, கடை, தென்னந்தோட்டம் எவையெவை, உறுதி எங்கே உள்ளது, வாடகை எவ்வளவு, கடைசியாக எப்போது அளக்கப்பட்டது என்பதை நம்பிக்கையாளர் சபையின் அனுமதியுடன் ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். முதியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்; எல்லைக் கல் எங்கே நடப்பட்டது என்பது சில ஊர்களில் ஒரேயொரு அப்பாவுக்கு மட்டுமே தெரியும். கூடவே, இவ்வருடம் சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்தும் நிலையில் உங்கள் மஹல்லாவில் எத்தனை பிள்ளைகள் உள்ளனர் என்பதையும், பெயரை வெளியிடாமல், விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இவ்விரு ஏடுகளையும் அடுத்த ஷஃபான் மாதத்துக்குள் சபையிடம் ஒப்படைத்தால், ரமழானில் சேரும் பணம் எந்த வாசலுக்குச் செல்ல வேண்டுமென்பதை வரிசை வைக்காமலே அவர்கள் தீர்மானிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.