லினக்ஸும் அதற்கேற்ற கணிப்பொறியும்

2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14-ஆம் நாளோடு, விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் கழகத்தார் இலவசமாக அளித்துவந்த பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அதன் பின்னோனாகிய விண்டோஸ் 11 எல்லாப் பொறிகளிலும் குடியேற இசைவதன்று. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், ஏறத்தாழ 2018-ஆம் ஆண்டிற்குப் பிற்பட்ட செயலியும் உடைய பொறிகளையே அது விரும்புகின்றது. இதனால், நல்ல நிலையிலிருக்கும் எத்துணையோ மடிக்கணினிகள் ஒரே நாளில் முதுமை எய்தியனவாகக் கருதப்பட்டன. நம் மாணவருட் பலர் கையிலிருப்பது தமையனாரோ தமக்கையாரோ படித்து முடித்தபின் வந்துசேர்ந்த பொறியே. அதனை எறிந்துவிட்டு முப்பதாயிரம் நாற்பதாயிரம் ரூபாய் தருகவெனத் தந்தையாரிடம் கேட்க நாவெழாதவரும், கேட்டும் பயன் காணாதவரும் நம்முள் உளர். அன்னார் சிலர் லினக்ஸின்பால் திரும்பியுள்ளனர். அவர்கட்கும், இனித் திரும்ப எண்ணுவார்க்கும் எத்தகைய பொறி ஏற்றது, அது நோயுற்றால் நோய்நாடுவது எங்ஙனம் என்பன பற்றிச் சிறிது கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லினக்ஸ் என்பது, பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள் உலகிற்கு அறிவித்த ஓர் இயங்குதள உட்கரு. அப்பொழுது அவர்க்கு அகவை இருபத்தொன்றே. அவ்வுட்கருவைச் சூழப் பிற மென்பொருள்களைத் திரட்டிச் சேர்த்து வழங்கும் தொகுப்புகளே டெபியன், உபுண்டு, பெடோரா முதலியன. இவற்றை விலையின்றிப் பெறலாம் என்பதனை யாவரும் அறிவர். அறியாதது, எல்லாப் பொறியுறுப்பும் இதனோடு ஒருங்கே உறவாடா என்பது.

இதற்குக் காரணம் யாது? நம் சென்னையின் பழைய வரலாற்றிலிருந்தே ஓர் உவமை காட்டுவேன். கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கு வாணிகம் நடத்திய காலத்தில் துபாஷிகள் என்போர் இருந்தனர். வள்ளல் பச்சையப்ப முதலியாரும் துபாஷியாய்ப் பொருளீட்டியவரே. வெள்ளையர்க்குத் தமிழ் தெரியாது. நெசவாளர்க்கு ஆங்கிலம் தெரியாது. இடையே இரு மொழியும் வல்ல துபாஷி இன்றேல் ஒரு முழத் துணியும் கைமாறாது. கணிப்பொறிக்குள்ளும் அவ்வாறே. கம்பியில்லா வலைக்குரிய அட்டை, ஒலிக்குரிய சில்லு, திரைக்குரிய செயலி ஒவ்வொன்றும் தனித்தனி மொழி பேசும். அம்மொழியை உட்கருவிற்கு எடுத்துரைக்கும் சிறு மென்பொருளுக்கு 'டிரைவர்' என்று பெயர். விண்டோஸுக்கு வேண்டிய துபாஷியை உறுப்புச் செய்தவரே அனுப்பிவைப்பர். லினக்ஸில் பெரும்பான்மைத் துபாஷிகள் உட்கருவின் வீட்டிலேயே குடியிருக்கின்றனர். ஆகவே, செய்தவர் தம் உறுப்பின் இலக்கணத்தை வெளியிட்டிருந்தால் அல்லது தாமே துபாஷியை எழுதித் தந்திருந்தால் இடரில்லை. அதனை மறைத்து வைத்தாராயின், தன்னார்வலர் அவ்வுறுப்பு பேசும் பேச்சினைப் பன்னாள் உற்றுக்கேட்டு, வழக்கிலிருந்து இலக்கணம் வகுப்பார்போல வகுத்தாக வேண்டும். என்விடியா கழகத்தின் திரைச்செயலிகட்கு 'நூவோ' என்னும் டிரைவர் இம்முறையிற்றான் பிறந்தது. தமிழ் படிப்போர் இவ்வுழைப்பின் அருமையை எளிதில் உணர்வர்.

நிற்க. லினக்ஸ் நம் ஊர்க்குப் புதிய விருந்தன்று. சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் பல்லாண்டு அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் திங்கள்தோறும் கூடினர். நந்தனத்திலுள்ள எல்காட் நிறுவனத்தின் வாயிலாக 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அந்தப் பாஸ், சிடாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையார் உருவாக்கியது. பெற்ற மாணவருட் பெரும்பாலோர் அதன் பக்கம் ஒரு முறையும் எட்டிப் பார்த்திலர் என்பது வருந்தத்தக்கதே. இன்னும் ஒன்று வியக்கத்தக்கது: தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் காமகோடி அவர்கள் தலைமையில் வடிவமைக்கப்பெற்ற 'சக்தி' என்னும் செயலி 2018-ஆம் ஆண்டில் சில்லாக வார்க்கப்பெற்று லினக்ஸை இயக்கிக் காட்டியது. அதன் வடிவமைப்பு யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. இலக்கணம் மறைக்கப்படாத பொறிக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டா. கடையில் அது மடிக்கணினியாக விற்பனைக்கு இல்லை என்பதே குறை.

ஆதலின், கடையில் கிடைப்பனவற்றுள் தேர்ந்தெடுத்தலே நம் வேலை. பழைய பொறி வாங்குவோர் பெரிதும் நாடுவது அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெரு. மயிலாப்பூரிலுள்ளோர் திருமயிலை நிலையத்திற் பறக்கும் ரயிலேறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால், அங்கிருந்து நடந்தே சேரலாம். செல்லும்பொழுது பணத்தோடு ஒரு யூ.எஸ்.பி. நினைவுக்குச்சியும் எடுத்துச் செல்க. அதில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பொறியிலுள்ள வட்டினைத் தொடாமலே அக்குச்சியினின்று லினக்ஸை இயக்கிப் பார்க்க இயலும். வலைப்பெயர்கள் தோன்றுகின்றனவா, ஒலி கேட்கின்றதா, திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்க முடிகின்றதா, மூடித் திறந்தால் உறங்கி விழிக்கின்றதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். "லினக்ஸெல்லாம் ஓடும் தம்பி, எடுத்துட்டுப் போங்க" என்று வாயளவிற் சொல்லிக் குச்சியைச் செருகவிடாத கடைக்காரரும் உளர். அவரிடம் வணக்கம் கூறி அடுத்த கடைக்குச் செல்லலே தக்கது; கடைகட்குப் பஞ்சமில்லாத தெரு அது. அன்றியும், அடிப்புறத் திருகாணிகளில் துருவேறியிருப்பின் ஐயுறுக. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் நகரின் தென்பகுதி நீரில் மூழ்கிக் கிடந்ததை நாம் மறந்திலம். நனைந்த பொறியும் துடைத்து மெருகிட்டால் புதியதுபோல் தோன்றும்.

உறுப்புகளுள் முதற்கண் நோக்கற்பாலது கம்பியில்லா வலையட்டை. இன்டெல் அட்டைகட்கு அந்நிறுவனத்தாரே டிரைவர் எழுதி உட்கருவில் சேர்த்துள்ளமையால் அவை பெரும்பாலும் இடர் செய்வதில்லை. பிராட்காம் அட்டைகளுள் பழையன பல, தனியே ஒரு நிலைப்பொருளையோ மூடிய டிரைவரையோ வேண்டி நிற்கும். ரியல்டெக் அட்டைகளுட் சில, புதிய உட்கருவோடு நன்கு பொருந்தினும் பழைய உட்கருவோடு ஊடல் கொள்ளும். இங்கே ஒரு விந்தையான சிக்கல் எழும்: டிரைவரைப் பெற வலை வேண்டும், வலையைப் பெற டிரைவர் வேண்டும். பலர் இவ்விடத்திலே மனம் தளர்ந்து லினக்ஸையே கைவிடுகின்றனர். வழி மிக எளிது. கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியாற் பொறியோடு இணைத்து, அதன் வலையைக் கம்பிவழிப் பகிருமாறு அமைத்தால், அட்டையின் உதவியின்றியே வலை கிடைத்துவிடும். டெபியன் தொகுப்பினர் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட 12-ஆம் பதிப்பு முதல் இத்தகைய நிலைப்பொருள்களை நிறுவற்கோப்பிலேயே சேர்த்து வழங்குவதால் இத்தொல்லை முன்னிலும் குறைந்துளது. அட்டையையே மாற்ற விழைவோர் ஒன்றறிக: இன்டெலின் ஏ.எக்ஸ். 210 பொதுவாக வேறு பொறிகளிலும் இயங்கும். பெயரால் அதற்கு உடன்பிறப்புப் போன்ற ஏ.எக்ஸ். 211, அதற்கென அமைந்த இன்டெல் பொறிகளிலன்றி இயங்காது. ஓரெண் பிழைத்தால் பணம் பிழைத்தது.

அடுத்தது திரைச்செயலி. இன்டெல், ஏ.எம்.டி. இரண்டிற்கும் துபாஷிகள் உட்கருவிலேயே இருத்தலின், படிப்பும் எழுத்துமே தொழிலாக உடையார்க்கு அவை சாலும். என்விடியா செயலியுள்ள பொறியை வாங்கலாகாதென்பது என் கருத்தன்று. 2022-ஆம் ஆண்டு மே திங்களில் அக்கழகத்தாரே தம் டிரைவரின் உட்கருப் பகுதியைத் திறந்து வைத்தனர். ஆயினும், விளையாட்டிற்கோ ஆராய்ச்சிக்கோ அது வேண்டாதவர் வீணே அதன் தொல்லையை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? நிறுவிய பின் திரை கருத்து நின்றால், தொடக்கப் பட்டியலில் 'நோமோட்செட்' என்னும் சொல்லை உட்கருவின் கட்டளை வரியிற் சேர்த்து இயக்குக. எளிய முறையில் திரை தோன்றும். பின்னர் உரிய டிரைவரை நிறுவிக்கொள்ளலாம்.

வட்டு காணப்படவில்லை என்ற முறையீடும் அடிக்கடி எழுவதே. நிறுவற்கோப்பு எல்லாம் காட்டும்; வட்டை மட்டும் காட்டாது. உடனே வட்டு கெட்டதென்று முடிவு கட்டற்க. இன்டெல் பொறிகள் பலவற்றில் வட்டு ஆர்.எஸ்.டி. என்னும் முறையில் அமைக்கப்பட்டிருக்கும். பயாஸினுட் சென்று அதனை ஏ.ஹெச்.சி.ஐ. என்று மாற்றினால் வட்டு தோன்றும். ஆனால், விண்டோஸையும் உடன் வைத்திருப்போர் முன்னேற்பாடின்றி இதனை மாற்றின் விண்டோஸ் எழாது. பழைய சுழல்வட்டை நீக்கித் திண்மவட்டு இடுதல் பழம்பொறிக்குச் செய்யும் தலையாய மருத்துவம், நான்கு ஜி.பி. நினைவகமே உடைய பொறியும் எக்ஸ்.எப்.சி.இ. போன்ற மெல்லிய முகப்போடு அதன்பின் நன்கு நடமாடும். முப்பத்திரண்டு பிட்டுச் செயலியுடைய மிகப் பழம் பொறிகட்கோ, 2025-இல் வந்த டெபியன் 13 நிறுவும் வழியை அடைத்துவிட்டது. விரலடையாள உணரிகளுட் பல இன்னும் லினக்ஸில் ஊமையே. அதற்காக விலை கூட்டிக் கொடுத்தல் வேண்டா.

இனி நோய்நாடல். முதலில் வினவவேண்டியது, நோய் மென்பொருளிலா உறுப்பிலா என்பதே. முன்கூறிய குச்சியினின்று இயக்கும்போதும் அதே கோளாறு நிகழின் உறுப்பின்மேல் ஐயங்கொள்க. நிகழாதாயின் நிறுவிய மென்பொருளை ஆராய்க. எல், எஸ், பி, சி, ஐ என்னும் ஐந்தெழுத்தை முனையத்தில் தட்டினால் உள்ளிருக்கும் உறுப்புகள் தம் பெயர் கூறும். இடம் விட்டு ஓர் இடைக்கோடும் கே என்னும் எழுத்தும் சேர்ப்பின், ஒவ்வொன்றிற்கும் எத்துபாஷி அமர்ந்துள்ளான் என்பதும் தெரியும். டி, எம், ஈ, எஸ், ஜி என்னும் மற்றோர் ஐந்தெழுத்து, உட்கரு எழுதிவைத்த நாட்குறிப்பைக் காட்டும். பிறரிடம் உதவி கேட்போர் இவ்விரண்டின் விடையையும், உட்கருவின் பதிப்பெண்ணையும் சேர்த்தனுப்புதல் நன்று. "வேலை செய்யவில்லை" என்னும் ஒரு வரிக்கு எவரால் மருந்து கூறலாகும்?

என் அறைத்தோழர் ஒருவர் பெசன்ட் நகரினர். வீடு கடற்கரைக்கு அண்மையது. அவர் பொறி சென்ற பருவத்தின் இறுதியில் இரவுதோறும் திடீரென உறைந்து நிற்கலாயிற்று. நூற்றிருபது பக்கம் எழுதிய அவர் ஆய்வேடு அதனுள்ளே. பிறிதொரு படியில்லை, ஒப்படைக்கும் நாளோ அண்மித்தது. பழுதுபார்ப்பவர் ஒருவர் தாய்ப்பலகை போயிற்றென்று கூறி, பருவக் கட்டணத்திற் பாதிக்குமேற் கேட்டார். அவர் தாயார் நகையை எடுக்க ஆயத்தமானார். யாங்கள் முதலில் குச்சியினின்று லினக்ஸை இயக்கி, வட்டைத் திறந்து, ஆய்வேட்டை வேறிடத்திற் படியெடுத்தோம். எந்நோய்க்கும் இதுவே முதற்செயலாதல் வேண்டும். அதன்பின் 'மெம்டெஸ்ட்86+' என்னும் சோதனையை இரவு முழுதும் ஓடவிட்டோம். விடியலில் திரை முழுதும் செந்நிறப் பிழைகள். நினைவகப் பலகை இரண்டனுள் ஒன்றைக் கழற்றிச் சோதித்தோம், பிழையில்லை. மற்றதை அதே இடத்திலிட்டுச் சோதித்தோம், பிழை மலிந்தது. அதன் தொடுமுனைகள் உப்புக்காற்றால் மங்கியிருந்தன. மின்னிணைப்பையும் மின்கலத்தையும் நீக்கியபின், பென்சில் அழிக்கும் ரப்பராலே மெல்லத் தேய்த்துத் துடைத்துப் பொருத்திய பின்னர், மீண்டும் ஓரிரவு சோதித்ததில் ஒரு பிழையும் எழவில்லை. செலவு ரப்பரின் விலையே. எல்லாப் பொறிக்கும் இம்மருந்து பலிக்குமென்று கூறேன். பலிக்காவிடினும் பலகை ஒன்றை மாற்றும் செலவே நேர்ந்திருக்கும். கோடையில் மட்டும் நின்றுபோகும் பொறிக்கோ பெரும்பாலும் விசிறியிற் படிந்த தூசும் வறண்ட வெப்பப்பசையுமே காரணம்.

தமிழ் மாணவர்க்கென ஒன்று எஞ்சியுளது. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டில் வகுக்கப்பெற்ற தமிழ்99 விசைமுறை, லினக்ஸில் 'ஐபஸ்' என்னும் உள்ளீட்டுமுறையின்வழி எளிதிற் கிடைக்கும். 'எம்17என்' என்னும் தொகுதியை உடன் நிறுவினால் போதும். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்த முறை அது. விசைகளின்மேல் தமிழெழுத்துப் பொறித்த பலகை தேடி அலைய வேண்டுவதில்லை. முதல் வாரம் விரல் தடுமாறும். ஒரு திங்களுக்குள் பலகையை நோக்காமலே எழுத வந்துவிடும்.